"தூருக்கு ஒரு பூச்சி" என்றால் எந்தத் தூர்? வேளாண் மாணவர்களுக்கு எழுதவும் பேசவும் யார் சொல்லித் தருவது?

வெண்ணாற்றங்கரை:
போன சம்பாவில் எங்கள் ஊரில் வேளாண் கல்லூரி இறுதியாண்டுப் பிள்ளைகள் வந்து தங்கியிருந்தார்கள், ரேவ் என்கிறார்களே, அந்தத் திட்டம். நல்ல பிள்ளைகள், எங்களோடு சேற்றில் இறங்கினார்கள். போகும்போது நெல் தண்டின் அடியில் சாறு உறிஞ்சுகிற புகையான் பூச்சி பற்றி ஒரு நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். அதில் முக்கியமான வரி இது: "சிலந்தி இல்லாத நிலையில் தூருக்கு 1 பூச்சி, சிலந்தி இருப்பின் தூருக்கு 2 பூச்சி என்ற பொருளாதார சேத நிலையைத் தாண்டும்போது பரிந்துரைக்கப்பட்ட மருந்தைத் தெளிக்கவும்."

தூர் என்று அவர்கள் எழுதியது ஒற்றைச் சிம்பை, ஒரு குத்தில் கிளைக்கிற பல தண்டுகளில் ஒன்றை. எங்கள் பக்கம் பேச்சில் தூர் என்றால் முழுக் குத்து. பக்கத்து வயல்காரர் குத்தை விரித்துப் பார்த்தார், நாலு பூச்சி ஓடியது, ஒன்றுக்கு நாலு ஆகிவிட்டதே என்று பதறி அன்று சாயங்காலமே கடையில் கொடுத்ததை வாங்கி அடித்துவிட்டார். மறுநாள் அதே வயலில் இறங்கி எண்ணினேன், குத்துக்குப் பதினேழு, பதினெட்டுச் சிம்பு இருந்தது. அதற்கு நாலு பூச்சி ஒரு கணக்கே இல்லை. அடித்த மருந்தில் முதலில் செத்தது சிலந்திதான். பால் பிடிக்கிற நேரத்தில் வயல் நடுவில் வட்டம் வட்டமாகத் தீய்ந்துபோனது.

நோட்டீஸில் தப்பான தகவல் ஒன்றுகூட இல்லை. அதுதான் என் வருத்தம். பூச்சியின் பெயரை லத்தீனில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு எங்களிடம் எப்படி எழுதுவது, எப்படிப் பேசுவது என்று யாருமே சொல்லித் தரவில்லையா? இதை ஒரு பாடமாகவே வைக்க வேண்டும், மார்க் போடுவது விவசாயியாக இருக்க வேண்டும்.

களப்பணி:
ஐயா, நான் வேளாண்மைத் துறையில் களத்தில் வேலை பார்க்கிறவன். உங்கள் பக்கத்து வயல்காரர் நஷ்டம் புரிகிறது, ஆனால் பழியை நோட்டீஸ் மேல் போடுவதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு ஆளுக்கு இத்தனை கிராமம் என்று கட்டிவிட்டிருக்கிறார்கள், மானியப் பட்டியல், செயலிப் பதிவு, பயிர்க் கணக்கெடுப்பு எல்லாம் முடித்து வயலுக்கு வருவதற்குள் பூச்சி பறந்துவிடுகிறது. சந்தேகம் வந்தால் விவசாயி கேட்பது யாரை? மருந்துக் கடைக்காரரை. அவர் ஒரு வார்த்தையும் எழுதுவதில்லை, பாட்டிலை எடுத்துக் கையில் கொடுக்கிறார். நீங்கள் எவ்வளவு அழகாக எழுதினாலும் அந்த இடத்தில் ஆள் இல்லை என்றால் பயன் இல்லை.

இன்னொன்று, அளவையும் கலைச்சொல்லையும் ஆளாளுக்கு ஊர்ப் பேச்சில் மாற்ற ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும்? டெல்டாவில் மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். வடக்கே போய் மா என்றால் யாருக்கும் தெரியாது. பொதுச்சொல் வேண்டும், அதை எல்லாரும் கற்றுக்கொள்ளவும் வேண்டும்.

நாலாம்_வருஷம்:
அண்ணா, இப்படி ஒரு நோட்டீஸை எழுதிய குழுவில் இருந்தவள் நான், வேறு ஊரில். படிக்கும்போது வயிறு கலங்கிவிட்டது. எங்கள் தரப்பையும் சொல்கிறேன், சாக்காக இல்லை.

அந்த வரியை நாங்கள் யோசித்து எழுதவே இல்லை, பயிர்ச் சாகுபடிக் கையேட்டில் இருந்து அப்படியே எடுத்தோம். மாற்றினால் தப்பாகிவிடுமோ என்று பயம், ஆசிரியர் திருத்தும்போதும் கையேட்டோடு ஒப்பிட்டுத்தான் பார்த்தார். தொடர்புத் திறன் என்று எங்களுக்குப் பாடம் உண்டு, ஆனால் அது ஆங்கிலத்தில் பேசுவதற்கும் நேர்முகத் தேர்வுக்குமான பாடம். நாலு வருஷமும் பாடம், பரீட்சை எல்லாம் ஆங்கிலம். சிம்பை டில்லர் என்றுதான் படித்தோம், அதை ஊரில் என்னவென்று சொல்வார்கள் என்று எனக்கு மூன்றாம் வருஷம் முடியும்வரை தெரியாது.

முதல் கூட்டத்தில் பேசும்போது "டாப் டிரெஸ்ஸிங்" என்று மூன்று தடவை சொன்னேன். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அப்பத்தா, "மேலுரத்தையா தாயி சொல்ற?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லக்கூட எனக்கு ஒரு நிமிஷம் ஆனது, ஏனென்றால் மேலுரம் என்ற சொல்லை அப்போதுதான் முதல் தடவை கேட்கிறேன். களப்பணி சார், பொதுச்சொல் இருக்கட்டும், மேலுரமும் பொதுச்சொல்தானே, அதை எங்களுக்கு யாரும் கொடுக்கவில்லையே.

கரிசல்காட்டான்:
நான் கோவில்பட்டிப் பக்கம், மானாவாரி மக்காச்சோளம். எல்லாரும் எளிமையாகப் பேசு, எளிமையாகப் பேசு என்கிறீர்கள். எளிமையாகப் பேசியவர்களால்தான் எங்கள் பக்கம் அடிபட்டது.

2018இல் அமெரிக்கன் படைப்புழு வந்தபோது யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. காலையில் பார்த்தால் குருத்துக்குள் மரத்தூள் மாதிரி எச்சம், இலை முழுக்கச் சல்லடை. அந்த நேரத்தில் கையேட்டுத் தமிழில் பேசியவர்களை யாரும் கேட்கவில்லை. போனில் வந்த வீடியோக்களைத்தான் கேட்டோம், அவ்வளவு நன்றாகப் பேசினார்கள், நம் பாஷையில், நம்மை அண்ணாச்சி என்று கூப்பிட்டு. ஒருவர் நாலு மருந்தை ஒரே டேங்கில் கலக்கச் சொன்னார். நானும் கலக்கினேன். புழு குருத்துக்குள் பத்திரமாக இருந்தது, பயிர்தான் கருகியது. முட்டைக் குவியல் தெரிகிற முதல் வாரங்களிலேயே குருத்துக்குள் இறங்குகிற மாதிரி அடித்திருக்க வேண்டும், ஓரத்தில் தட்டைப்பயறு போட்டிருக்க வேண்டும் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. இத்தனையும் துறை கொடுத்த பிட் நோட்டீஸில் இருந்தது, படிக்காமல் மடித்து வைத்திருந்தேன்.

அதனால் சொல்கிறேன், பேசக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் சரிபார்க்கக் கற்றுக்கொடுங்கள். வாய்ச்சாலகம் மட்டும் கற்றுக்கொண்ட பிள்ளை நாளைக்கு ஒரு மருந்துக் கம்பெனிக்குத்தான் பேசும்.

வெண்ணாற்றங்கரை:
கரிசல் அண்ணாச்சி, உங்கள் கதையில் இருந்தே நான் பேசுகிறேன். சரியான நோட்டீஸ் உங்கள் வீட்டில் இருந்தது, நீங்கள் மடித்து வைத்தீர்கள். ஏன் மடித்தீர்கள்? அது உங்களைப் பார்த்துப் பேசவில்லை. தப்பான ஆள் நன்றாகப் பேசினான் என்றால் சரியான ஆள் அவனைவிட நன்றாகப் பேச வேண்டும் என்றுதானே அர்த்தம்?

எங்கள் தாத்தா ஏடிடி 27 நெல்லை ரேடியோ நெல் என்றே சொல்லுவார். தஞ்சாவூர் ஜில்லா முழுக்க அப்படித்தான் பெயர். 1966இல் திருச்சி வானொலியில் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவு தொடங்கியது, ஆடுதுறையில் வந்த புது ரகத்தை எப்படி நாற்றுவிடுவது, எப்போது உரம் வைப்பது என்று நாள் தவறாமல் பேசினார்கள், கேட்டவர்கள் விதைத்தார்கள். நெல்லுக்கு அது பிறந்த ஊர்ப் பெயர் போய், சேதி வந்த பெட்டியின் பெயர் வந்துவிட்டது. பேச்சு என்ன செய்யும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

உங்கள் ஊர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர்தானே நம்மாழ்வார் ஐயா? அவர் சொன்ன எல்லாவற்றையும் நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டாம், நானே எல்லாவற்றையும் ஒத்துக்கொள்வதில்லை, இன்றும் யூரியா போடுகிறவன்தான். ஆனால் அவரும் வேளாண் பட்டதாரிதான். கடைசிவரை ஊர் ஊராகப் போய்த் தரையில் உட்கார்ந்து பேசினார், கூட்டத்தில் ஒருவர்கூட பாதியில் எழுந்து போகவில்லை.

களப்பணி:
ரேடியோ நெல் கதை எனக்கும் பிடிக்கும், ஆனால் பாதியோடு நிறுத்தக்கூடாது. அப்போது தஞ்சாவூர் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் இருந்தது, 1960களின் தொடக்கத்திலேயே. விதை, உரம், கூட்டுறவுக் கடன், ஊருக்கு வருகிற ஆள் எல்லாம் ஒன்றாக வந்தது. ரேடியோவில் கேட்டவன் மறுநாள் சொசைட்டிக்குப் போனால் மூட்டை இருந்தது. இன்றைக்கு நான் எவ்வளவு நன்றாகப் பேசினாலும், "சரி சார், அந்த விதை எங்கே கிடைக்கும்?" என்று கேட்டால் பல நாள் பதில் இல்லாமல் நிற்கிறேன். நாலு தடவை அப்படி நின்றால் ஐந்தாம் தடவை என் பேச்சை யாரும் கேட்பதில்லை.

வாய்க்கால்மேடு:
வணக்கம். நான் பெண் விவசாயி, குத்தகைக்குத்தான் செய்கிறேன். எல்லாரும் பிள்ளைகள் நமக்கு எப்படிச் சொல்வது என்றே பேசுகிறீர்கள். நாம் அவர்களுக்குச் சொல்வது?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொள்முதல் நிலைய வாசலில் எங்கள் நெல் கிடையாகக் கிடந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பிவிட்டார்கள், காயவைத்தோம், மழை பெய்தது, மறுபடி ஈரம். குறைதீர் நாள் கூட்டத்தில் மைக் கொடுத்தார்கள். பட்ட கஷ்டம் எல்லாம் சொன்னேன், நகை அடகு வைத்தது, பிள்ளை படிப்பு, எல்லாம். பேச முடியாமல் அழுதுவிட்டேன். மேடையில் இருந்தவர், "மனுவாக எழுதிக் கொடுங்கம்மா" என்றார், மைக் அடுத்தவரிடம் போய்விட்டது.

அடுத்த மாசம் என் மகள் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். எந்த நிலையம், எந்தத் தேதியில் இருந்து, எத்தனை பேருடைய எத்தனை சிப்பம் நிற்கிறது, ஒரே நெல்லுக்கு ஒரே நாளில் காலையில் ஒரு அளவும் மதியம் ஒரு அளவும் ஈரமானி காட்டியது, வேண்டியது இரண்டு: வேறு ஈரமானி, தார்ப்பாய். அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, நான் அழவும் இல்லை. மூன்றாம் நாள் தார்ப்பாய் வந்தது, அந்த வாரமே வேறு ஈரமானி வந்தது.

அதனால் பாடம் வைப்பதென்றால் எங்களுக்கு வையுங்கள். எங்கள் கஷ்டத்தை வேறு ஆள் எழுதினால் எப்போதும் "விவசாயிகள் வேதனை" என்ற இரண்டு வார்த்தையோடு முடித்துவிடுகிறார்கள்.

கரிசல்காட்டான்:
தங்கச்சி, நீ செய்தது பெரிய காரியம். ஆனாலும் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. எழுதத் தெரிந்த மகள் இல்லாத வீட்டு நெல் என்ன ஆகும்? முதல் மாசம் நீ அழுதுகொண்டு சொன்னதும் உண்மைதானே, அதிலேயே நிலையமும் தேதியும் இருந்திருக்குமே. கேட்கிற ஆள் ஒரு கேள்வி கேட்டிருந்தால் வெளியே வந்திருக்கும். அதிகாரிக்குக் கேட்கத் தெரியவில்லை என்பதற்காக நாம் போய்ப் பேசப் படிக்க வேண்டுமா?

வாய்க்கால்மேடு:
கோபமில்லை அண்ணா. நியாயம் உங்கள் பக்கம்தான். ஆனால் அவர்கள் கேட்கக் கற்றுக்கொள்கிறவரை என் நெல் மழையில் நிற்காதே.

நாலாம்_வருஷம்:
நேற்று ராத்திரி உட்கார்ந்து அந்த நோட்டீஸைத் திருப்பி எழுதினேன். தப்பிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

"வயலில் பத்து இடத்தில் இறங்குங்கள். குத்தைச் சாய்த்து, தண்ணீருக்குச் சற்று மேலே தண்டின் அடியைப் பாருங்கள். முதலில் சிம்பை எண்ணுங்கள், பிறகு பூச்சியை எண்ணுங்கள். 20 சிம்பு உள்ள குத்தில் 20 பூச்சிக்குக் குறைவா? மருந்து வேண்டாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருக்கிறதா? அப்படியானால் 40 பூச்சி வரை பொறுக்கலாம், சிலந்தி தின்றுவிடும். தண்ணீரை வடித்துவிடுங்கள். யூரியாவை நிறுத்துங்கள். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்றவற்றை அடிக்காதீர்கள், அடித்தால் புகையான் இன்னும் பெருகும். வேறு மருந்து அடித்தே ஆகவேண்டும் என்றால் தண்டின் அடியில் படவேண்டும், இலை மேல் அடித்தால் வீண். டேங்குக்கு 10 மில்லி."

கரிசல்காட்டான்:
நன்றாக இருக்கிறது தாயி, நான் மடித்து வைக்க மாட்டேன். கடைசி வரியை மட்டும் எடுத்துவிடு. எந்த டேங்க்? கையால் அடிக்கிற டேங்க் 10 லிட்டர், பேட்டரி டேங்க் 16 லிட்டர். மருந்துக்கு மருந்து அளவும் மாறும். இந்த நோட்டீஸையும் ஒருவன் அவசரத்தில் கடைசி வரியை மட்டும்தான் படிப்பான்.

களப்பணி:
இதற்குத்தான் நான் பொது அளவு வேண்டும் என்றேன். ஒரு மருந்து ஹெக்டேருக்கு 500 மில்லி என்று வைத்துக்கொள்வோம். ஹெக்டேருக்கு 500 லிட்டர் தண்ணீர் கணக்கு, அப்போது லிட்டருக்கு ஒரு மில்லி. லிட்டருக்கு இவ்வளவு என்று எழுதினால் எந்த டேங்குக்கும் பொருந்தும். ஹெக்டேர் என்ற சொல்லை விவசாயிக்கான தாளில் இருந்து எடுத்துவிடலாம் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்பதையும் சேர்த்து எழுது, இல்லையென்றால் மருந்து பாதிதான் போகும். 10 லிட்டர் டேங்கில் அது இருபது டேங்க். எங்கள் பக்கம் எட்டு டேங்குக்கு மேல் யாரும் அடித்து நான் பார்த்ததில்லை.

வெண்ணாற்றங்கரை:
அந்தத் தாளை லிட்டர் கணக்கில் மாற்றி இன்று காலை சொசைட்டி வாசலில் ஆறு பேருக்குப் படித்துக் காட்டினேன். படித்து முடித்ததும் "புரிந்ததா?" என்று கேட்கவில்லை, "இப்போது வயலுக்குப் போனால் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். ஐந்து பேர் சிம்பை எண்ணுவோம் என்று சரியாகச் சொன்னார்கள், பக்கத்து வயல்காரர் உட்பட.

ஆறாவது ஒரு அம்மா, அவருடையது மேட்டு வயல். "தண்ணிய வடின்னு எழுதியிருக்கே, நான் வடிச்சா கீழ் வயல்காரருக்குத்தானே போகும், அங்கேயும் புகையான்தானே இருக்கு" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. கீழ் வயல்காரரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேரும் எந்த நாளில் யார் முதலில் மடையைத் திறப்பது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள், நான் கேட்டுக்கொண்டு நின்றேன். நாலாம் வருஷத் தங்கச்சி, இதை அந்த நோட்டீஸில் எந்த இடத்தில் எழுதுவது?