மறு: பேஸ் கிட்டாருக்குத் தமிழில் என்ன பெயர்?

பெரம்பூரிலிருந்து

குழுவினருக்கு வணக்கம்.

சின்ன விஷயம்தான், ஆனால் ஒரு வாரமாகத் தூங்கவிடவில்லை. பேஸ் கிட்டார் (தாழ்ந்த சுருதிக் கிட்டார்) வாசிக்கும் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் கூடுவோம். கிட்டார், ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), பெடல் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்து, ஒருவர் கிட்டாரை இன்னொருவர் ஆம்ப்பில் மாட்டிப் பார்ப்போம். பாதி நேரம் பேச்சு, கால்வாசி டீ, மிச்சம் இருந்தால் வாசிப்பு.

இந்த முறை புதிதாகக் கற்பவர்களையும் கூப்பிடலாம் என்று தமிழில் ஒரு நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தேன். ‘பேஸ் கிட்டார் வாசிப்பவர்கள் சந்திப்பு’ என்றுதான் எழுதிக் கொடுத்தேன். ப்ரூஃபில் ‘பேசும் கிட்டார் வாசிப்பவர்கள் சந்திப்பு’ என்று வந்திருக்கிறது. கேட்டால், “பிழையாக இருந்தது சார், திருத்திட்டேன்” என்கிறார் அச்சகத்துத் தம்பி.

அவரையும் குறை சொல்ல முடியவில்லை. தமிழ் எழுத்தில் ‘பேஸ்’ என்று பார்த்தால் அது அடித்தளமா, முகமா, கிட்டாரா என்று யாருக்குத் தெரியும்? அதனால் கேட்கிறேன்: பேஸ் கிட்டார், அதற்கான ஆம்ப், ஸ்பீக்கர் பெட்டி, கம்பியின் அசைவை மின்சாரமாக்கும் பிக்கப், இந்த நாலுக்கும் வாயில் நுழைகிற தமிழ்ச் சொல் உண்டா? வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குப் போக வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து

தம்பிக்கு வாழ்த்து.

புதிதாக எதையும் உருவாக்கத் தேவையில்லை. பழைய இசைத்தமிழில் மூன்று நிலைகளுக்கும் பெயர் இருக்கிறது: மெலிவு, சமன், வலிவு. கீழ்நிலைச் சுரங்கள் மெலிவு. ஆகவே ‘மெலிவுக் கிட்டார்’. ஆம்ப்ளிஃபையருக்கு நம் இயற்பியல் பாடநூல்களில் ‘பெருக்கி’ என்றே உள்ளது. ‘மெலிவுப் பெருக்கி’ என்று வைத்துக்கொள்ளலாம். யாழின் தந்தியை நரம்பு என்பது மரபு என்பதால் பிக்கப்புக்கு ‘நரம்புவாங்கி’. ஒலிவாங்கி என்ற சொல்லோடு ஒத்துப்போகும்.

திருச்சியிலிருந்து

ஐயாவுக்கு வணக்கம். மெலிவு நல்ல பழைய சொல், மறுக்கவில்லை. ஆனால் இருபது வருஷமாக மெல்லிசை மேடைகளில் நான் தோளில் மாட்டி நிற்பது நாலு கிலோ மரம். அதன் நாலாவது கம்பி இரண்டரை மில்லிமீட்டருக்கும் மேல் தடிமன். அதை ‘மெலிவு’ என்று சொன்னால் என் முதுகுவலிக்கு மருந்து எழுதும் டாக்டரே சிரிப்பார். இன்றைய காதுக்கு மெலிவு என்றால் ஒல்லி, பலவீனம். பழைய பொருளை விளக்க நோட்டீஸில் அடிக்குறிப்பா போட முடியும்?

பெருக்கியையும் வீட்டில் சோதித்துப் பார்த்துவிட்டேன். “புதுசா ஒரு பெருக்கி வாங்கணும்” என்றேன். “துடைப்பம் போன வாரம்தானே வாங்கினோம்” என்று பதில் வந்தது. நரம்புவாங்கி என்று கேட்டால் நரம்பு டாக்டரிடம் அனுப்பிவிடுவார்கள். தந்திவாங்கி என்று மாற்றினாலோ தபால்காரர் ஞாபகம் வரும்.

சொல்லைத் தேடுமுன் பொருள் என்ன என்று பார்த்துவிடலாம். சாதாரணக் கிட்டாரின் அடிக்கம்பி நொடிக்கு 82 முறை அதிர்கிறது என்றால், பேஸின் அடிக்கம்பி 41 முறை. சரியாகப் பாதி, அதாவது ஒரு ஸ்தாயி கீழே. இந்த வேலையை முன்பு நின்றுகொண்டு வாசிக்கும் ஆள் உயர டபுள் பேஸ் செய்துகொண்டிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது பெரும்பாடு, மற்ற வாத்தியங்களின் சத்தத்தில் எடுபடவும் எடுபடாது, வீணையில் இருப்பது போல விரல் வைக்க இடம் காட்டும் மெட்டு இல்லாததால் விரல் கொஞ்சம் நகர்ந்தாலும் சுருதி போய்விடும். 1951-இல் லியோ ஃபெண்டர் அதைக் கிட்டார் போலத் தோளில் மாட்டும்படி ஆக்கி, மெட்டு வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். மெட்டு இருப்பதால் சுரம் துல்லியமாக விழும், அதனால்தான் ‘பிரிசிஷன் பேஸ்’ என்று பெயர். மேல்முனையிலிருந்து குதிரை (கீழே கம்பியைத் தாங்கும் கட்டை) வரை கம்பியின் நீளம் 34 அங்குலம். அவருடைய கிட்டாரில் இருபத்தைந்தரைதான். எழுபது வருஷம் தாண்டியும் பெரும்பாலான பேஸ்கள் அந்த 34-ஐ விடவில்லை.

ஆக, அதே வாத்தியம், உடம்பு நீளம், சுருதி தாழ்வு. இதற்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது! நாயனக்காரர்களைக் கேளுங்கள். குட்டையாக, சுருதி தூக்கலாக இருப்பது திமிரி. நீளமாக, தாழ்ந்த சுருதியில் இருப்பது பாரி. ராஜரத்தினம் பிள்ளை கையில் எடுத்த பிறகு பாரிக்கு வந்த மவுசு இன்னும் இறங்கவில்லை. இன்று கச்சேரி நாயனம் என்றாலே பாரிதான். அதனால் என் பரிந்துரை: ‘பாரி கிட்டார்’. இரண்டே எழுத்து, நோட்டீஸில் பெரிதாகப் போடலாம், அச்சகத்துத் தம்பிக்குத் திருத்தவும் ஒன்றும் இருக்காது.

எங்கள் குழுவின் தவில்காரர் ‘ஒத்துக் கிட்டார்’ என்றார். வேண்டாம். ஒத்து நகராமல் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்கும், பேஸ் அப்படி நிற்பதில்லை. இளையராஜா பாட்டுகளில் பேஸ் போகிற பாதையை மட்டும் தனியாக முணுமுணுக்கும் ரசிகர்கள் எத்தனை பேர்! தவிர, பாடகருக்கு ஒத்து ஊதுகிறவர்கள் என்ற பெயர் ஏற்கெனவே எங்களுக்கு உண்டு, அதை நோட்டீஸிலும் அடிக்க வேண்டாம். மிருதங்கத்தின் தொப்பியையும் யோசித்தேன். ரவையைப் பிசைந்து அப்பி சுருதியை இறக்குகிற அந்த இடந்தலைதான் நம்மூரின் உண்மையான பேஸ். ஆனால் ‘தொப்பிக் கிட்டார்’ என்றால் தொப்பி போட்ட கிட்டார்க்காரர் என்றுதான் படிப்பார்கள்.

உறுப்புகளுக்குத் தேடவே வேண்டாம். வீணையில் எல்லாம் இருக்கிறது: பிருடை (கம்பியை முறுக்கும் ஆணி), மெட்டு, குதிரை, தந்தி. மெட்டு எடுத்த பேஸ் வேண்டுமா, ‘மெட்டில்லாப் பேஸ்’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். மெட்டே இல்லாத கோட்டுவாத்தியம் கேட்ட காதுக்கு அது ஒன்றும் புதிதில்லை.

ஆம்ப்தான் சிக்கல். ‘ஒலிபெருக்கி’ என்பதுதான் ஆம்ப்புக்கு அச்சாகப் பொருந்தும் சொல். அதைக் கொண்டுபோய் ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிட்டோம், இனித் திருப்பி வாங்க முடியாது. பேஸுக்குத் தனி ஆம்ப் எதற்கு என்று புதியவர்கள் கேட்பார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல், ஒரு டவுன் பஸ் நீளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதைக் கிளப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். நம் காதோ தாழ்ந்த சுரங்களுக்கு மந்தம். இரண்டும் சேர்ந்தால் வாட் எக்கச்சக்கமாகத் தேவைப்படும். கிட்டார் ஆம்ப்பில் பேஸைச் சொருகிச் சத்தத்தை ஏற்றினால் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு படபடவென்று அடித்துக்கொண்டு கடைசியில் கிழியும். என் முதல் ஆம்ப் அப்படித்தான் ஒரு கல்யாண மேடையில், சரணத்துக்கு நடுவில், பட்டம் கிழிகிற சத்தத்தோடு செத்தது. யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் கூடுதல் வருத்தம்.

வாட் எக்கச்சக்கம் என்றேனே, உதாரணம்: 1969-இல் ஆம்பெக் நிறுவனம் கொண்டுவந்த எஸ்.வி.டி. என்ற 300 வாட் வால்வு ஆம்ப், அதனோடு பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டு வைத்த பெட்டி. அந்தப் பெட்டிக்கு வாசிப்பவர்கள் வைத்த பெயர் ‘ஃப்ரிட்ஜ்’. பார்த்தால் அப்படித்தான் இருக்கும், மாடிப்படியில் ஏற்றும்போதும் அப்படித்தான் இருக்கும். ‘ஆம்பெக்’ என்ற பெயரும் கதை உள்ளதுதான். டபுள் பேஸின் அடியில் தரையில் ஊன்றும் முளைக்குள் பிக்கப் வைத்தார்கள். ஆம்ப்ளிஃபைடு என்பதில் முன்பாதி, முளைக்கு ஆங்கிலத்தில் பெக், இரண்டையும் ஒட்டினார்கள். அவர்களே இப்படி வெட்டி ஒட்டும்போது நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?

டொரொன்டோவிலிருந்து

அண்ணை, வணக்கம். உங்கட பாரி நல்லாய்த்தான் இருக்கு. எனக்கும் ஆசை. ஆனால் ஒரு இடத்தில் உதைக்குது.

நான் பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் சாக்ஸபோன் வாசிச்சனான். பாரிட்டோன் சாக்ஸபோனை எல்லாரும் ‘பாரி’ எண்டுதான் கூப்பிடுவினம். அதுக்கும் கீழே பேஸ் சாக்ஸபோன் எண்டு வேறொண்டு இருக்கு. கிட்டாரிலும் அதே கதை. கிட்டாருக்கும் பேஸுக்கும் நடுவில், கிட்டாரிலிருந்து நாலைந்து சுரம் இறக்கிச் சுருதி கூட்டுகிற பாரிட்டோன் கிட்டார் தனியாய் இருக்கு. நீங்கள் ‘பாரி கிட்டார்’ எண்டு போட்டால், விசயம் தெரிஞ்சவன் அதைத் தூக்கிக்கொண்டு வருவான். விசயம் தெரியாதவன் வள்ளல் பாரி ஞாபகத்தில் இலவசமாய்க் கிட்டார் குடுக்கினம் எண்டு வருவான்.

நீங்களே சொன்னீங்கள், சரியாய் ஒரு ஸ்தாயி கீழே எண்டு. அப்ப அந்தக் கீழ் ஸ்தாயியின்ர பெயரையே வையுங்கோவன்: மந்தரம். வீணையில் வாசிக்கிற நாலு தந்தியின்ர பெயரும் பாருங்கோ: சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். நாலு தந்தி, கடைசித் தந்திக்குப் பெயர் அனுமந்தரம். பேஸ்காரருக்கு இதைவிட என்ன வேணும்?

ஆம்ப்புக்கு நாங்கள் இலங்கையில் படிச்சது ‘விரியலாக்கி’. நீங்கள் அதிர்வெண் எண்டுறதை நாங்கள் மீடிறன் எண்டு படிச்சம். சண்டைக்கு இல்லை, சும்மா சொல்லி வைக்கிறன். விரியலாக்கியில் துடைப்பம் வராது.

திருச்சியிலிருந்து

தம்பி, அந்தப் பாரிட்டோன் கிட்டாரை நான் மறந்தே போனேன். ஒத்துக்கொள்கிறேன். பாரியை வாபஸ் வாங்குகிறேன், கொஞ்சம் மனவருத்தத்தோடு. நாயனத்துக்கும் கிட்டாருக்கும் சம்பந்தம் பேசி முடித்துவிட்டேன் என்று இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன்.

மந்தரத்தில் எனக்கு ஒரே ஒரு பயம். ‘மந்தரக் கிட்டார்’ என்பதை மந்தமான கிட்டார் என்று யாராவது வாசிப்பார்கள். வாசிக்கட்டும், லீட் கிட்டார்க்காரர்கள் நம்மைப் பற்றி அதைத்தானே சொல்கிறார்கள். ஒன்று மட்டும் கவனம்: ‘மந்திர’ என்று அச்சாகிவிடக் கூடாது. மோடி வித்தைக்காரர்கள் சந்திப்பு என்று கூட்டம் வேறு மாதிரி சேர்ந்துவிடும்.

நீங்கள் தந்த இன்னொன்றுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஐந்து கம்பி பேஸில் வழக்கமான நாலுக்கும் கீழே ஒன்று வருமே, 31 ஹெர்ட்ஸ் பக்கம், காதால் கேட்பதைவிடத் தொடையால் உணர்கிற கம்பி, அதை எங்கள் மேடையில் ‘லோ பி’ என்போம். இனி நான் அனுமந்தரம் என்று சொல்லப் போகிறேன். நேற்றுப் பயிற்சியில் கீபோர்டு வாசிக்கும் பையனிடம், “இந்த இடத்தில் நான் அனுமந்தரத்துக்குப் போறேன், உன் இடது கையைக் கொஞ்சம் எடுத்துக்கோ” என்றேன். விளக்கம் கேட்காமல் எடுத்துக்கொண்டான். எனக்கு அது போதும்.

பிக்கப்புக்கு மட்டும் வழி தெரியவில்லை. காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பி, அவ்வளவுதான் அது. பக்கத்தில் இரும்பு கலந்த கம்பி ஆடினால் மின்சாரம் பிறக்கும். நைலான் கம்பியை மாட்டி எவ்வளவு மீட்டினாலும் வாயே திறக்காது. ஆக அது வாங்குவது ஒலியை அல்ல, கம்பியின் அசைவை. ‘ஒலிவாங்கி’ ஜாதியில் அதைச் சேர்க்க முடியாது. ‘அசைவுவாங்கி’ என்றால் கதவில் மாட்டும் திருட்டு அலாரம். ஐயா மனசு வைத்து வேறு ஏதாவது சொல்லுங்கள், அதுவரை பிக்கப் பிக்கப்பாகவே இருக்கட்டும்.

தஞ்சாவூரிலிருந்து

மெலிவு தோற்றதில் வருத்தமில்லை. என் பேரனிடம் சொல்லிப் பார்த்தேன், அவனும் சிரித்தான். மந்தரம் வடசொல் ஆயிற்றே என்று ஒரு வரி எழுத நினைத்தேன். அதே மூச்சில் வீணைக்காரர்கள் வாயில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் சொல்லை நான் எப்படித் தள்ளுவது என்றும் தோன்றியது. ‘க்’ மட்டும் விட்டுவிடாதீர்கள்: மந்தரக் கிட்டார். பிக்கப்பை யோசிக்கிறேன்.

பெரம்பூரிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. நோட்டீஸ் அச்சுக்குப் போய்விட்டது. இப்படித்தான் இருக்கிறது:

> மந்தரக் கிட்டார் வாசிப்போர் சந்திப்பு
> (அதாங்க, பேஸ் கிட்டார்)
> ஞாயிறு மாலை 4 மணி, மொட்டை மாடி
> ஆம்ப் உள்ளவர்கள் கொண்டு வரலாம். இல்லாதவர்கள் வயர் மட்டும் கொண்டு வரவும்.

ஆம்ப்பை ஆம்ப் என்றே போட்டுவிட்டேன், ஐயா மன்னிக்கவும். பெருக்கி என்று போட்டால் மாடியைக் கூட்டிவிட்டு வாசிக்கலாம் என்று நினைப்பார்கள். விரியலாக்கி என்று போட்டால் வீட்டு ஓனர் என்னமோ ஏதோ என்று கரண்டை நிறுத்திவிடுவார். பெட்டியைப் பெட்டி என்றும், அதன் மேல் உட்காரும் ஆம்ப்பைத் ‘தலை’ என்றும் நாங்கள் ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். “தலையை நீ எடு, பெட்டியை நான் எடுக்கிறேன்” என்று படிக்கட்டில் கத்தினால் புரிகிறது, அது நிற்கும்.

ப்ரூஃப் பார்த்தாயிற்று. அச்சகத்துத் தம்பி இந்த முறை எதையும் திருத்தவில்லை. “மந்தரைன்னா கூனிதானே சார், ராமாயண நாடகமா?” என்று மட்டும் கேட்டார். இல்லை, கிட்டார் என்றேன். “அப்ப அடைப்புக்குள்ள இருக்கறத இன்னும் கொஞ்சம் பெரிசாப் போட்டுடறேன்” என்றார். சரி என்று சொல்லிவிட்டேன்.

திருச்சி அண்ணா, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வருவதாக இருந்தால் ஃப்ரிட்ஜைக் கொண்டுவர வேண்டாம். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை.