புதுசா வந்த ஒன்றரை டன் டீசல் பிக்கப்: இப்பவே எடுக்கலாமா, பொறுக்கலாமா?

பாச்சலூர்_லோடு:

வணக்கம். பாச்சலூர், தாண்டிக்குடி மலையிலிருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு சௌசௌ, பீன்ஸ், வாழைத்தார் இறக்குற வேலை. ஏறும்போது சில நாள் உர மூட்டை இருக்கும், பல நாள் காலியாத்தான் ஏறணும். தினம் 120 கி.மீ., மாசம் 25 நாள் ஓட்டம். கையில இருக்கிறது பழைய அசோக் லேலண்ட் தோஸ்த் லோடு வண்டி. அதை வித்துட்டு, இப்பத்தான் அறிமுகமான ஒன்றரை டன் டீசல் பிக்கப் ஒண்ணு எடுக்கலாம்னு யோசனை. மாடல் பேரை வேணும்னேதான் போடலை. போட்டா பேச்சு கம்பெனிச் சண்டையாப் போயிடும்.

கேபின் நல்லா இருக்கு, ஏசி இருக்கு, தொட்டியும் நீளம். 3 வருஷம் அல்லது 1 லட்சம் கி.மீ. வாரண்டின்னு சொல்றாங்க. லோன் 8 லட்சம், 48 மாசம். என் பயமெல்லாம், இது முதல் லாட் வண்டி, ஓட்டிப் பாத்தவங்க யாரும் இல்லை. பட்டறையில நின்னுட்டா மாத்து வண்டி கிடையாது. எதையெல்லாம் பாத்து முடிவு பண்றதுன்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டீசல்_கை:

அண்ணே, வண்டி புதுசுன்னு மொத்தமா பயப்படாதீங்க. அதுல எது புதுசுன்னு பிரிச்சுப் பாருங்க. சேல்ஸ் ஆளை விட்டுட்டு சர்வீஸ் அட்வைசர்கிட்ட கேளுங்க: இந்த இன்ஜின் இதே கம்பெனியோட வேற வண்டியில ஏற்கெனவே ஓடுதா? கியர்பாக்ஸும் பின் ஹவுசிங்கும் (பின் சக்கர அச்சுக் கூடு) பழசா, புதுசா? புகை சுத்திகரிப்பு எந்த வகை? பழைய இன்ஜின், பழைய ஹவுசிங், கேபின் மட்டும் புதுசுன்னா பாதிப் பயம் போயிடும். கேபினும் வயரிங்கும் புதுசா இருந்தா வர்ற கோளாறு வேற மாதிரி: கனெக்டர்ல தண்ணி இறங்கும், வயர் கட்டு சேஸிஸ்ல உரசும், சென்சார் தப்பா ரீடிங் காட்டும். இதெல்லாம் எரிச்சல்தான், ஆனா வாரண்டியில சரியாகும். இன்ஜினே புதுசுன்னா கணக்கு வேற.

உங்க ரூட்டுக்கு முக்கியமானது டிபிஎஃப், அதாவது புகைக்கரியைப் பிடிச்சு வைக்கிற வடிகட்டி. அதுல சேர்ற கரி எரிஞ்சு போகணும்னா உள்ள 600 டிகிரி கிட்ட சூடு வேணும். லோடு இழுத்து மேடு ஏறினா சைலன்சர் நல்லா சூடாகும். உங்களுக்கு நடக்கிறது தலைகீழ்: ஏறும்போது காலி, இறங்கும்போது லோடு. கியர்ல இறங்கும்போது இன்ஜினுக்கு டீசலே போகாது, சைலன்சர் ஆறிடும். கீழ வந்து மார்க்கெட் வரிசையில ஐடில்ல நிக்கும். கரி சேர்றதுக்கு இதைவிடத் தோதான ஓட்டம் கிடையாது.

எரிக்கிற நேரம் வந்தா மீட்டர்ல விளக்கு எரியும், ஐடில் ஆர்பிஎம் கொஞ்சம் ஏறும், சூடான வாடை வரும். அப்ப வண்டியை அணைக்காதீங்க. சமதள ரோட்டுல 50-60 வேகத்துல, 2,000 ஆர்பிஎம்முக்குக் குறையாம 15-20 நிமிஷம் விடுங்க. பாதியில அணைச்சுக்கிட்டே இருந்தா ரெண்டு விஷயம் நடக்கும். கரி அளவு ஏறி வண்டி இழுவை குறைஞ்சு போற நிலைக்கு வந்துடும். கரியை எரிக்கக் கூடுதலா அடிச்ச டீசல் சிலிண்டர் சுவர் வழியா ஆயில்ல இறங்கும். வாரம் ஒருதரம் டிப்ஸ்டிக் பாருங்க. ஆயில் குறைஞ்சா மட்டுமில்லை, மேல் கோட்டைத் தாண்டி ஏறினாலும் ஆபத்துதான். டீசல் கலந்த ஆயில் நீர்த்துப் போயிருக்கும். டர்போவும் பேரிங்கும் அடி வாங்கும். உடனே ஆயில் மாத்தணும்.

ஆயிலும் மேனுவல்ல சொன்ன சாம்பல் குறைவான வகையாத்தான் இருக்கணும். கரி எரியும், சாம்பல் எரியாது. தப்பான ஆயில் ஊத்தினா வடிகட்டி சாம்பலாலேயே நிரம்பிடும்.

புகையைச் சுத்தம் பண்ண ஊத்துற யூரியாக் கரைசலுக்கு, அதாவது டெஃப்புக்கு, தனி டேங்க் இருக்கா இல்லையான்னும் பாருங்க. இருந்தா சீல் வச்ச கேன்ல வர்றதை மட்டும் ஊத்துங்க. அதுல 32.5 சதவீதம் யூரியாதானேன்னு வயல் யூரியாவைக் கரைச்சு ஊத்துறாங்க. அதுல இருக்கிற பையூரெட்டும் உப்பும் நாசிலை அடைக்கும், கேட்டலிஸ்டைக் கெடுக்கும். அளவு சரியான்னு பாக்கிற கருவி இந்த அழுக்கைக் காட்டாது.

கணக்குப்பிள்ளை:

டீசல்_கை சொன்னதோடு பணக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள் நண்பரே.

10 சதவீத வட்டி என்று வைத்தால் 8 லட்சத்துக்கு 48 மாத டியூ சுமார் 20,300 ரூபாய். மாதம் 25 நாள் ஓட்டத்துக்குப் பிரித்தால் நாளுக்கு 800 ரூபாய்க்கு மேல். வண்டி பட்டறையில் நின்றாலும் இது நிற்காது. அதன் மேல் வாடகை வண்டி பிடித்து சரக்கை இறக்க வேண்டும். விட்டுவிட்டால் வாடிக்கைக்காரர் வேறு வண்டி பார்த்துவிடுவார்.

வாரண்டியில் 3 வருஷம் என்பது உங்களுக்குப் பொருந்தாது. மாதம் 3,000 கி.மீ. ஓடினால் 33 மாதத்தில் 1 லட்சம் முடிந்துவிடும். லோன் 48 மாதம். கடைசி 15 மாதம் வாரண்டி இல்லாத வண்டிக்கு டியூ கட்டப் போகிறீர்கள். நீட்டிப்பு வாரண்டி என்ன விலை, எத்தனை கி.மீ. வரை, இன்ஜெக்டர், டர்போ, டிபிஎஃப், இசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) நான்கும் அதில் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். க்ளட்ச் பிளேட், பிரேக் லைனர் எதிலும் வராது. கலப்பட டீசல் என்ற காரணம் காட்டி இன்ஜெக்டர் கோரிக்கையைத் தள்ள இடமுண்டு; ஒரே பங்கில் அடித்து ரசீதை எடுத்து வையுங்கள்.

பெரிய கம்பெனி, அதனால் பயமில்லை என்ற பேச்சை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். அமெரிக்காவில் டொயோட்டா டண்ட்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 மாடலில் பழைய வி8 இன்ஜினை நிறுத்திவிட்டு இரட்டை டர்போ வி6 போட்டார்கள். இன்ஜின் பாகங்களைக் கடைந்தபோது மிஞ்சிய உலோகத் துகள் உள்ளே தங்கி மெயின் பேரிங்கைத் தின்றது. 2024 மே மாதம், 2022-23 மாடல் டண்ட்ராவும் லெக்ஸஸ் எல்எக்ஸும் சேர்த்து ஒரு லட்சம் வண்டிக்கு மேல் திரும்ப அழைக்கப்பட்டன. நம்பகத்தன்மைக்குப் பெயர் போன கம்பெனி, ஆனாலும் புது இன்ஜினின் முதல் வருடங்கள். கோளாறு வெளியே வந்து அழைப்பு வர ஏறக்குறைய இரண்டு வருடம் பிடித்திருக்கிறது. ஆறு மாதம் பொறுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்பதும் சரியல்ல. ஆறு மாதத்தில் தெரிவது வயரிங், சென்சார், ரப்பர் குழாய் மாதிரி கோளாறுகள்தான். பேரிங்கும், பின் ஹவுசிங்கில் உள்ள கிரௌன் பல்சக்கரமும் என்ன ஆகும் என்பது 50,000 கி.மீ. ஓடிய வண்டியைப் பார்த்தால்தான் தெரியும்.

சட்டப் பக்கம் ஒன்று. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் கொண்டுவந்த 110ஏ பிரிவுப்படி, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்லி அரசே உத்தரவிடலாம். நுகர்வோர் சட்டத்தில் வணிகத்துக்கு வாங்கிய வண்டிக்கு வழக்கு நிற்காது என்று ஷோரூமில் சொல்வார்கள். சுயதொழிலாக, பிழைப்புக்காக வாங்கி ஓட்டுபவர் நுகர்வோர்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதைத் தெளிவாகவே சொல்கிறது. அதனால் பில் உங்கள் சொந்தப் பெயரில் இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் நீங்கள் சொன்ன குறை உங்கள் வார்த்தையிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். "பொதுச் செக்கப்" என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

பாச்சலூர்_லோடு:

ரெண்டு பேருக்கும் நன்றி. லோன் முடியறதுக்கு முந்தியே வாரண்டி முடியும்ங்கிறது யோசிக்கவே இல்லை. இன்ஜின் பழசுதான், வேற வண்டியில ஓடிக்கிட்டு இருக்கு. கேபின், சேஸிஸ், வயரிங் எல்லாம் புதுசுன்னு சர்வீஸ்ல சொல்றாங்க. இன்னொண்ணு கேட்கணும். வாழைத்தாருக்கு உயரமா கூண்டு கட்டணும், பின்னாடி கமான்ல (பட்டை ஸ்பிரிங்ல) ரெண்டு பட்டை சேக்கணும்னு இருக்கேன். இங்க எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. புது வண்டியில பண்ணலாமா?

கமான்_ஹவுசிங்:

பட்டை சேர்க்காதீங்க. வாரண்டி போயிடும்ங்கிறது சின்ன விஷயம், அதைவிடப் பெருசு பிரேக். ஏபிஎஸ் இல்லாத பல பிக்கப்புல பின் ஹவுசிங்குக்கும் சேஸிஸுக்கும் நடுவுல ஒரு சின்னக் கம்பி இணைப்போட எல்எஸ்பிவி வால்வு இருக்கும். லோடு ஏறி சேஸிஸ் இறங்கினா, அந்த வால்வு பின் சக்கரத்துக்குப் பிரேக் அழுத்தத்தைக் கூட்டும். நீங்க பட்டை சேத்தா லோடு ஏத்தினாலும் சேஸிஸ் அந்த அளவு இறங்காது. வால்வு வண்டி காலியா இருக்குன்னு நினைச்சு பின் பிரேக்கைக் குறைச்சிடும். பாச்சலூர் இறக்கத்துல பிரேக் பாரத்துல பெரும்பகுதி முன் டிஸ்க் மேலயே விழும், சூடாகி பிரேக் பிடிக்காமப் போகும். பழைய வண்டிகள்ல பட்டை சேத்துட்டு ‘பிரேக் சரியில்லை’ன்னு லைனர் மேல லைனர் மாத்துறதுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

கூண்டு கட்டலாம், ஆனா எடை போட்டுட்டுக் கட்டுங்க. டெலிவரி எடுத்ததும் டேங்க் நிரப்பி எடை மேடையில ஏத்துங்க. உதாரணத்துக்கு ஆர்சியில மொத்த எடை 2,990 கிலோ, மேடையில காலி எடை 1,420ன்னு வச்சுக்கோங்க. மீதி 1,570. டிரைவரும் லோடுமேனும் 130. சரக்குக்கு 1,440. ஆங்கிளும் தகரமும் வச்சு 180 கிலோவுக்குக் கூண்டு கட்டினா 1,260தான் மிச்சம். ஒன்றரை டன் வண்டின்னு நோட்டீஸ்ல போட்டதுக்கும் உங்க தொட்டியில ஏறுறதுக்கும் இவ்வளவு வித்தியாசம். தகரக் கூரை வேண்டாம்; குழாய்ச் சட்டமும் தார்ப்பாயும் போதும், எடை பாதிக்குக் கீழ வந்துடும். சேஸிஸ்ல வெல்டிங் வைக்கவே கூடாது, யு போல்ட் போட்டுப் பிடிங்க. தொட்டியில வெல்டிங் பண்றதா இருந்தாலும் பேட்டரி ரெண்டு முனையும் கழட்டிட்டுத்தான் பண்ணணும், இல்லைன்னா இசியூ போயிடும்.

மொத்த எடையைத் தாண்டினா 194ஆம் பிரிவுல 20,000 ரூபாயும், அதுக்கு மேல டன்னுக்கு 2,000ம் அபராதம். டயர்லயும் கணக்கு இருக்கு. பின் அச்சுல 1,900 கிலோ விழுந்தா ஒரு டயருக்கு 950. டயர் பக்கவாட்டுல போட்டிருக்கிற லோடு இண்டெக்ஸ், அதாவது டயர் தாங்குற எடைக்கான குறி எண், 106க்குக் குறையாம இருக்கணும். 104னா 900 கிலோதான்.

புது வண்டியில எல்லாரும் விட்டுடுற வேலை: கமான் யு போல்ட். முதல் சில லோடு ஏறி இறங்கினதும் பட்டைகள் ஒண்ணோட ஒண்ணு படிஞ்சு நட்டு தளரும். முதல் சர்வீஸ்ல, வண்டியைத் தரையில நிறுத்தி, மேனுவல்ல சொன்ன டார்க்குக்கு முறுக்கச் சொல்லுங்க, கூடவே நில்லுங்க. தளர்ந்த நிலையில ஓட்டினா சென்டர் போல்ட் வெட்டுப்பட்டு ஹவுசிங் நகர்ந்துடும்.

இறக்கத்துல டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விடுறவங்களுக்கும் சேத்துச் சொல்றேன். இப்ப வர்ற வண்டியில கியர்ல இறங்கினாத்தான் டீசல் நிக்கும், நியூட்ரல்ல ஐடிலுக்கு டீசல் போய்க்கிட்டே இருக்கும். மிச்சமும் இல்லை, பிரேக்குக்கும் கேடு.

டீசல்_கை:

பட்டை விஷயம் அண்ணன் சொன்னது அப்படியே சரி. எடுக்கலாமாங்கிற கேள்விக்கு என் கருத்து: இன்ஜின் பழசுங்கிறதால வண்டி எடுக்கலாம், ஆனா தோஸ்தை இப்ப விக்காதீங்க. எஃப்சி பாத்து ஒரு வருஷம் வச்சிருங்க. விலை கொஞ்சம் இறங்கும்தான், ஆனா புது வண்டி ஒரு சென்சாருக்காக நாலு நாள் நின்னா அதை ஈடுகட்டிடும். தோஸ்தை வித்துத்தான் முன்பணம் கட்டணும்னா இப்ப எடுக்காதீங்க, பொறுங்க.

எடுக்கிறதுக்கு முந்தி திண்டுக்கல், பழனி ஸ்பேர் கடைகளுக்கு போன் போட்டு, இந்த மாடலுக்கு டீசல் ஃபில்டர், முன் பிரேக் பேடு, க்ளட்ச் செட், முன் கண்ணாடி, ஹெட்லைட், சைடு மிரர் இருக்கான்னு கேளுங்க. முதல் மூணும் பழைய வண்டியோட பாகமாவே இருந்தா கிடைக்கும். கடைசி மூணும் கேபினோட புதுசு. அதுதான் வாரக்கணக்குல இழுக்கும். கொண்டை ஊசி வளைவுல மிரர் போறது அடிக்கடி நடக்கிறதுதானே.

டெஸ்ட் டிரைவ் காலி வண்டியில வேண்டாம். ஒரு டன் மணல் மூட்டை ஏத்தி மேட்டுல நிறுத்தி எடுங்க. க்ளட்ச் கருகின வாடை வருதா, ஹேண்ட் பிரேக் தாங்குதா, ஏசி போட்டு ஏறும்போது சூடு முள் நகருதா பாருங்க. நிறுத்தினதும் அடியில குனிஞ்சு டர்போ குழாய் கிளாம்ப், இன்டர்கூலர் குழாய் முனை, டிபிஎஃப்-க்குப் போற ரெண்டு மெல்லிசான அழுத்தக் குழாய், பெல் ஹவுசிங் அடி எல்லாத்தையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. கிளாம்ப்ல ஆயில் ஈரம் இருந்தா அங்க காத்து கசியுது.

டெலிவரியில ஃபார்ம் 21ல தயாரிச்ச மாசம், வருஷம் இருக்கும். அறிமுகத்துக்கு முந்தி ஷோரூமுக்கு அனுப்பின வண்டியைத் தள்ளிவிடப் பாப்பாங்க. அவசரம் இல்லைன்னா, அறிமுகம் முடிஞ்சு நாலஞ்சு மாசம் கழிச்சுத் தயாரிச்ச வண்டியா கேளுங்க. அதுக்குள்ள வந்த குறைகளுக்கு கம்பெனி பாகத்தையே மாத்தியிருக்க வாய்ப்பிருக்கு. இசியூ சாஃப்ட்வேர் கடைசி வெர்ஷனான்னு ஸ்கேனர்ல காட்டச் சொல்லி, சேஸிஸ் நம்பரோட பிரிண்ட் எடுத்து வாங்கிட்டு அப்புறம் சாவியை வாங்குங்க.