ஒரே ஆளிடம் வாங்கிய தேன் இரண்டு விதமாக இருக்கிறதே?

பாலக்கோட்டு மருமகள்:
அஞ்செட்டிப் பக்கம் தேனீப் பெட்டி வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் ஆடியில் தேன் வாங்கினோம். பொன்னிறம், இலேசான புளிப்பு. தையில் அவரிடமே வாங்கிய பாட்டில் நெய்போல உறைந்து கிடக்கிறது, கரண்டி இறங்கவில்லை. சர்க்கரைப் பாகு ஊற்றிவிட்டார் என்று மாமனார் அடித்துச் சொல்கிறார். அவரிடம் நேரில் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

காரிமங்கலத்தான்:
தீக்குச்சியைத் தேனில் தோய்த்து உரசுங்கள். பற்றினால் அசல். நாய் நக்காவிட்டாலும் அசல்தான்.

தளி பெட்டிக்காரன்:
தீக்குச்சி, நாய், எறும்பு மூன்றையும் விட்டுவிடுங்கள் ஐயா. அசல் தேனை எறும்பு தொடாது என்றால், என் பெட்டிகளின் கால்களுக்கடியில் நான் ஏன் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருக்கிறேன்? 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுத் தேன்களைச் சோதித்த முடிவை வெளியிட்டது. ஜெர்மனி ஆய்வகத்தில், பாகுக் கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் என்எம்ஆர் சோதனையில் 3 மட்டுமே தேறின. அப்படிப்பட்ட கலப்படத்தையா தீக்குச்சி பிடிக்கப்போகிறது?

தங்கச்சி, இரண்டு பாட்டிலும் இரண்டு பூ. ஆடியில் வந்தது புளியம்பூத் தேனாக இருக்க வேண்டும். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களிலும் சாலையோரம் பார்த்தால் புளிதானே. தையில் வந்தது உச்செள்ளுத் தேன் (பேயெள் என்றும் சொல்வார்கள், எண்ணெய் வித்துப் பயிர்). எங்கள் பக்கம் மானாவாரிக் கொல்லைகளில் விதைப்பார்கள், ஐப்பசியில் கொல்லையே மஞ்சளாகிவிடும். இதுபோலக் குளுக்கோஸ் மிகுந்த தேன் சீக்கிரம் உறையும். 14 டிகிரியை ஒட்டிய குளிரில் இன்னும் வேகமாக உறையும். இங்கே மார்கழி இரவைக் கழித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. உறைந்ததால் அசல் என்று நான் சொல்லவில்லை, உறைந்ததால் போலி என்றும் ஆகாது.

பெரியவரிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டியது வேறு. எந்தப் பூ, எந்த மாதம் எடுத்தது, அடையின் அறைகளைத் தேனீ மெழுகால் மூடிய பிறகு எடுத்தாரா? மூடாத அறையில் ஈரம் அதிகம். உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் நுரைத்துப் புளித்துவிடும். நாங்கள் பெட்டியில் வளர்க்கும் நாட்டு வகையான அடுக்குத் தேனீ ஒரு பெட்டிக்கு ஆண்டில் சில கிலோதான் தரும். கைச்செலவுக்கு அவசரப்பட்டு முன்னதாகவே எடுத்துவிடுகிறவர்கள் எங்களில் உண்டு. சண்டை போடுவதானால் அதற்குப் போடுங்கள்.

போச்சம்பள்ளி தோப்பு:
எங்கள் மாந்தோப்பில் ஒருவர் பெட்டி வைக்கக் கேட்கிறார். மாம்பூத் தேன் என்று விற்கலாமா?

தளி பெட்டிக்காரன்:
மாம்பூவில் தேனீக்குக் கிடைப்பது சொற்பம். அந்தப் பெயரில் விற்றால் நான் வாங்க மாட்டேன். மாம்பூவின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சிக்கு மருந்து அடிப்பீர்களா, மாட்டீர்களா? முதலில் அதை அவரிடம் சொல்லுங்கள். போன தையில் பக்கத்துத் தோப்பில் பட்டப்பகலில் அடித்தார்கள். சாயங்காலம் பெட்டி வாசலில் செத்துக் கிடந்ததைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளினேன். கேட்டதற்கு, "ஈதானே" என்றார் தோப்புக்காரர். அடித்தே ஆக வேண்டுமென்றால் பொழுது சாய்ந்து தேனீ அடங்கிய பின் அடியுங்கள். முந்தின நாளே தகவல் சொன்னால் அவர் பெட்டியை நகர்த்திக்கொள்வார்.

பாலக்கோட்டு மருமகள்:
நன்றி அண்ணா. உறைந்ததை எப்படி இளக்குவது? பாப்பாவுக்கு எட்டு மாதம், நாக்கில் தொட்டு வைக்கலாம் என்கிறார் மாமனார்.

தளி பெட்டிக்காரன்:
கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் பாட்டிலை நிறுத்தி வையுங்கள், அடுப்பில் ஏற்ற வேண்டாம். நான் இளக்குவதே இல்லை, ராகி ரொட்டியில் தடவ உறைந்ததுதான் வசதி.

பாப்பாவுக்கு மட்டும் ஒரு வயது முடியும்வரை கூடவே கூடாது, ஒரு துளிகூட. போட்டுலிசம் நோயைத் தரும் கிருமியின் வித்துகள் அசல் தேனிலும் இருக்கலாம். பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாது, கைக்குழந்தைக்கு ஆபத்து. மாமனார் என்ன சொன்னாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.