குவார்ட்டர் விலையை இரண்டு மடங்காக்கச் சொல்லி மனு: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: புளியந்தோப்புக்காரி

எங்கள் தெரு மகளிர் குழுவில் ஒரு மனு தயாராகியிருக்கிறது. டாஸ்மாக்கில் குவார்ட்டர் விலையை இரண்டு மடங்காக ஏற்ற வேண்டும், கைக்கு எட்டாத விலைக்குப் போனால்தான் ஆண்கள் குடியை விடுவார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். சனிக்கிழமை கூட்டத்தில் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள். எனக்கு மட்டும் கை வரவில்லை.

என் வீட்டுக்காரர் பெயின்டர். வேலை இருந்தால் ஒரு நாளைக்கு 900 ரூபாய், ஆனால் வாரத்தில் நாலு நாள்தான் வேலை. தினமும் ஒரு குவார்ட்டர், சில நாள் இரண்டு. 2024 பிப்ரவரியில் சாதா சரக்கு 130-லிருந்து 140 ஆனபோது அவர் ஒரு சொட்டுகூடக் குறைக்கவில்லை. அந்தப் பத்து ரூபாய் எங்கிருந்து போனது என்று எனக்குத்தான் தெரியும்: அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் பால் பாக்கெட். நாளைக்கு 280 ஆனால் அடுப்பங்கரையில் என்ன மிஞ்சும்?

ஆனால் பையனுக்குப் பதினேழு வயது. தெருமுனையில் அவன் வயசுப் பையன்கள் மூன்று பேர் காசு சேர்த்து யாரையாவது பெரியவர்களை விட்டு வாங்கிவரச் சொல்வதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். விலை ஏறினால் அவன் தொடாமல் இருப்பானோ என்றும் மனசு சொல்கிறது. விலை ஏற்றுவது உண்மையிலேயே உடம்புக்கு நல்லது செய்யுமா, இல்லை அரசாங்கத்துக்கு வருமானம் மட்டும்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: கோயம்பேடு மூட்டைக்காரன்

தங்கச்சி, நான் இருபத்திரண்டு வருஷம் குடித்தவன், விட்டு நாலு வருஷம் ஆகிறது. விலை ஏறும்போதெல்லாம் நான் என்ன செய்தேன் என்று அப்படியே சொல்கிறேன். முதலில் மீடியத்திலிருந்து சாதாவுக்கு இறங்கினேன். அப்புறம் இன்னொருவனோடு சேர்ந்து கட்டிங் போட ஆரம்பித்தேன், ஒரு குவார்ட்டரை இரண்டு பேர். கேட்பதற்குக் குறைந்த மாதிரி இருக்கும், ஆனால் ஒரு நாளைக்கு மூன்று கட்டிங் போனது. சைடு டிஷ் வாங்குவதை நிறுத்தினேன், வெறும் வயிற்றில் ஊற்றினேன், உடம்பு இன்னும் சீக்கிரம் கெட்டது.

2020 ஊரடங்கு ஞாபகம் இருக்கும். மார்ச் 24-ல் கடை மூடினார்கள். மற்ற மாவட்டங்களில் மே 7-ல் திறந்தார்கள், அதே நாளில் விலையும் ஏற்றினார்கள். சென்னையில் ஆகஸ்ட் 18 வரை திறக்கவில்லை. மூடிய நாலாவது நாள் எனக்குக் கை நடுக்கம், ராத்திரி சுவரில் பூச்சி ஊர்கிற மாதிரி தெரிந்தது, விடிவதற்குள் வலிப்பு வந்துவிட்டது. பிழைத்து வந்த பிறகும் பிளாக்கில் மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கினேன். என் மனைவியின் கொலுசு அதில்தான் போனது. அந்த நேரத்தில் விலை என் கண்ணில் படவே இல்லை. உன் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் இருக்கும்.

கடைசியில் என்னை நிறுத்தியது ஆஸ்பத்திரியில் படுத்த மூன்று வாரமும், அதன் பிறகு வாராவாரம் என்னை மாதிரி ஆட்களோடு உட்கார்ந்து பேசிய கூட்டமும்தான். விலை ஏற்ற வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இரண்டு மடங்கு என்று ஒரே அடியாகப் போட்டால் முதலில் அடி வாங்குவது நீ.

பதில் 2: கல்லீரல் வார்டு நர்ஸ்

அக்கா, உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு பதில், உங்கள் பையனுக்கு வேறு பதில்.

நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்து 2009-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். விலை 10 சதவீதம் ஏறினால் மொத்தத்தில் குடி ஏறக்குறைய 5 சதவீதம் குறைகிறது, ஆனால் அளவுக்கு மிஞ்சிக் குடிப்பவர்களிடம் 3 சதவீதம்கூடக் குறைவதில்லை. மேலே அண்ணன் சொன்னதைத்தான் இந்த எண்ணும் சொல்கிறது. தலைகீழாகவும் நடந்திருக்கிறது: பின்லாந்தில் 2004-ல் மது வரியை மூன்றில் ஒரு பங்கு குறைத்தார்கள், குடியால் சாவோர் எண்ணிக்கை உடனே ஏறியது. அதனால் விலைக்கும் சாவுக்கும் தொடர்பே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஸ்காட்லாந்தில் செய்தது எனக்குப் பிடித்த வழி. எல்லாச் சரக்குக்கும் ஒரே மாதிரி ஏற்றவில்லை. 2018 மே மாதம், உள்ளே இருக்கும் சுத்தமான ஆல்கஹாலில் 10 மில்லிக்கு 50 பென்ஸுக்குக் கீழே எதையும் விற்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். மலிவாக, காட்டமாக இருக்கும் சரக்கின் விலைதான் ஏறியது. முழுக்க முழுக்கக் குடியால் வரும் நோய்களில் இறப்பவர்கள், அந்தச் சட்டம் இல்லாவிட்டால் எவ்வளவு பேர் இறந்திருப்பார்களோ அதைவிட 13.4 சதவீதம் குறைந்தார்கள் என்று 2023-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது, அதிலும் ஏழைகள் வசிக்கும் பகுதிகளில்தான் சாவு அதிகமாகக் குறைந்தது. 2024 செப்டம்பரில் அதை 65 பென்ஸ் ஆக்கினார்கள். உங்கள் பால் பாக்கெட் கதையும் அங்கே நடந்தது. அடிமையாகிவிட்ட ஏழைகளில் சிலர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு குடித்தார்கள் என்று அவர்களுடைய மதிப்பீட்டிலேயே இருக்கிறது.

இப்போது நம் ஊர்க் கணக்கு. 180 மில்லி குவார்ட்டரில் 42.8 சதவீதம் ஆல்கஹால், அதாவது 77 மில்லி, 140 ரூபாய்க்கு. அதைவிடக் கொஞ்சம் கூட விலைக்கு வாங்கும் 650 மில்லி பீர் 5 சதவீதமாக இருந்தால் அதில் 32 மில்லிதான். ஒரு கூலிக்காரர் காசைக் கணக்குப் பார்த்தால் எதை வாங்குவார்? கல்லீரலை அதிகம் கெடுப்பதுதான் நம் கடையில் மலிவாகக் கிடைக்கிறது.

இன்னொன்று. 2022 மார்ச்சில் 130, இரண்டு வருஷம் கழித்து 140. எட்டு சதவீதம்கூட இல்லை. அந்த இரண்டு வருஷத்தில் அரிசி, வாடகை, கூலி எல்லாம் அதைவிட ஏறவில்லையா? பார்க்கப்போனால் விலை ஏறவே இல்லை, ஆனாலும் உங்கள் வீட்டுப் பாலை அது பிடுங்கிக்கொண்டது. முப்பத்தைந்து வயதில் வயிறு உப்பி, கண் மஞ்சளாக வருகிற பையன்களை வாரா வாரம் பார்க்கிறேன், இப்போதெல்லாம் வயதைக் கேட்கவே பயமாக இருக்கிறது. குடிக்கத் தொடங்கும் வயதில் கையில் இருக்கும் காசு கொஞ்சம்தான், அங்கேதான் விலை வேலை செய்யும். உங்கள் பையனுக்காக நான் கையெழுத்துப் போடுவேன்.

பதில் 3: மரக்காணம் பக்கத்து ஆள், இப்போது வேளச்சேரி

நர்ஸ் மேடம் சொல்வது சரி, ஆனால் ஸ்காட்லாந்தில் கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவன் கிடையாது. 2023 மே மாதம் எங்கள் பக்கத்திலும் செங்கல்பட்டிலும் மெத்தனால் என்ற விஷச் சாராயம் கலந்த சரக்கில் இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அடுத்த வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேல். செத்தவர்களில் நிறையப் பேர் குவார்ட்டர் விலை கட்டுப்படியாகாத கூலிக்காரர்கள். பாண்டிச்சேரி பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே விலை குறைவு, ஈசிஆரில் பைக்கில் கொண்டுவருவது எங்கள் ஊரில் ஒரு தொழிலாகவே நடக்கிறது. ஆந்திராவில் 2020 மே மாதம் ஒரே வாரத்தில் 75 சதவீதம் ஏற்றினார்கள், எல்லையில் கடத்தல்தான் பெருகியது. கடைசியில் 2024-ல் 99 ரூபாய்க்கு குவார்ட்டர் என்று கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

அரசாங்கத்தையும் மறந்துவிடாதீர்கள். 2024-25-ல் டாஸ்மாக் வழியாக வந்த வருமானம் 48,344 கோடி. அதற்கு முந்தைய வருஷம் 45,855 கோடி. இந்தப் பணத்தில் குடிநோய் சிகிச்சைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்காமல் விலையை மட்டும் ஏற்றச் சொன்னால், ஏற்றுவதற்கு அவர்களுக்கு என்ன கஷ்டம்? நமக்குக் கோபம் வர வேண்டியது இங்கேதான்.

மறுமொழி: கல்லீரல் வார்டு நர்ஸ்

மரக்காணம் அண்ணன் சொன்ன ஆபத்து உண்மை, ஒரே தாவலில் இரண்டு மடங்கு வேண்டவே வேண்டாம். வருஷா வருஷம் கூலி ஏறுவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, சாதா சரக்கில் மட்டும் ஏற்றலாம், கூடவே மெத்தனால் கடத்தலைப் பிடிக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் குறைந்தபட்ச விலையால் வந்த கூடுதல் பணம் கடைக்காரர்களுக்குப் போனது. இங்கே கடையே அரசாங்கத்துடையது, ஏற்றுகிற பணத்தில் பெரும்பகுதி அவர்கள் கையில்தான் விழுகிறது. அதனால் அதைச் சிகிச்சைக்குக் கேட்கும் உரிமை நமக்கு ஸ்காட்லாந்துக்காரர்களைவிட அதிகம்.

அக்கா, ஒரு அவசரமான விஷயம். பூட்டி வைத்தோ காசைப் பிடுங்கியோ அவரைத் திடீரென்று நிறுத்த வைத்துவிடாதீர்கள். தினமும் குடிப்பவருக்கு இரண்டு மூன்று நாளில் வலிப்பும் பிதற்றலும் வரலாம், உயிருக்கே ஆபத்து. மருந்தும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் கொடுத்துத்தான் இறக்க வேண்டும். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தில் காட்டலாம். போதை மீட்பு உதவி எண் 14446-க்கு போன் செய்தால் எங்கே போவது என்று சொல்வார்கள், காசு கிடையாது.

மறுமொழி: புளியந்தோப்புக்காரி

எல்லாருக்கும் நன்றி. கூட்டத்தில் இதையெல்லாம் வாய்விட்டுப் படித்தேன். இரண்டு மடங்கு என்ற வரியை அடிக்கச் சொன்னதும் ஒரு அக்கா கோபப்பட்டார், அவர் மகன் போன வருஷம்தான் குடியால் போனான், அவரிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அவரே பேனாவை வாங்கி, சாதா சரக்கு விலையை ஆண்டுதோறும் ஏற்ற வேண்டும், ஏறுகிற பணத்தில் எங்கள் வட்டாரத்திலேயே குடிநோய்க்கு வார்டு வேண்டும் என்று எழுதினார். 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்காக வாங்கித் தருகிறவர்களைப் பிடிக்க வேண்டும் என்று நான் ஒரு வரி சேர்த்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

14446-க்கும் பேசினேன். வீட்டுக்காரர் வர மாட்டேன் என்கிறார். மூட்டைக்கார அண்ணா, நீங்கள் ஒருமுறை அவரோடு போனில் பேசுவீர்களா? நான் சொன்னால் எரிந்து விழுகிறார், குடித்துப் பார்த்து அதை விட்டவர் சொன்னால் ஒருவேளை கேட்பார்.

மறுமொழி: கோயம்பேடு மூட்டைக்காரன்

பேசுகிறேன் தங்கச்சி. காலையில் ஆறு மணிக்குக் கூப்பிடச் சொல், அந்த நேரத்தில்தான் அவர் தெளிவாக இருப்பார். நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.