தண்ணீர் மில்லும் எங்கள் வளவுத் திரிகையும்

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் எங்கள் வளவின் பின்பக்கம், வேப்பமரத்தடியில் ஒரு திரிகை கிடந்தது. அம்மாவுடையது. வருடக்கணக்காக அதன்மேல் வாளியைக் கவிழ்த்து வைப்பேனே தவிர, வேறு எதற்கும் அதைத் தொட்டதில்லை. அதைக் கழுவி எடுக்க வைத்தது இங்கிலாந்தில் பார்த்த ஒரு தண்ணீர் மில். பழைய சாமான்களைப் பற்றி எல்லோரும் எழுதுகிறபடியால் நானும் எழுதுகிறேன்.

மகளிடம் லண்டன் போயிருந்தபோது, பேத்தியின் பள்ளிக்கூட விடுமுறையில் ஒருநாள் மருமகன், "மாமி, உங்களுக்குப் பிடிச்ச இடம் ஒண்டுக்குப் போவம்" என்று காரில் ஏற்றினார். மேற்கு சசெக்ஸில் சிங்கிள்டன் என்ற ஊரில் இருக்கும் வீல்ட் அண்ட் டவுன்லாண்ட் அருங்காட்சியகம். கண்ணாடிப் பெட்டிகளும் 'தொடாதே' அறிவித்தலும் இருக்கும் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் ஒரு முழுக் கிராமம். அந்தப் பகுதிகளில் அழிய இருந்த பழைய வீடுகளையும் களஞ்சியங்களையும் மரம் மரமாகக் கழற்றி, இங்கே கொண்டுவந்து திரும்பப் பூட்டியிருக்கிறார்கள். 1970-இல் திறந்த இடம், இப்போது ஐம்பது கட்டடங்கள் வரை நிற்கின்றன.

அதில் பேலீஃப் என்ற கமக்கார வீடு 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கென்ட் பகுதியில் நீர்த்தேக்கம் கட்டப் போனபோது அதைக் காப்பாற்றி இங்கே எடுத்து வந்தார்களாம். நடு வீட்டில் நெருப்பு மூட்டுவார்கள், புகைபோக்கி கிடையாது, புகை மேலே கூரைக்குப் போகிறது. சுவர் என்னவென்று கிட்டப்போய்ப் பார்த்தேன். வரிச்சுக் கட்டி மண் அப்பிய சுவர்! எங்கள் அப்பு வீட்டுச் சுவரேதான். வெள்ளைக்காரர் எந்தக் காலத்திலும் கல்வீட்டில் இருந்தார்கள் என்றல்லவா நினைத்திருந்தேன்.

சரி, மில்லுக்கு வருகிறேன். லர்கஷால் என்ற ஊரில் இருந்து பெயர்த்து வந்த 17ஆம் நூற்றாண்டு மில் அது. பக்கத்தில் சின்னக் குளம், தாராக்கள் நீந்துகின்றன. குளத்துத் தண்ணீர் மேலிருந்து சக்கரத்தில் விழுகிறது, அந்தப் பாரத்தில் சக்கரம் சுற்றுகிறது. மில்காரர் தண்ணீரைத் திறந்துவிட்டபோது எனக்கு எங்கள் முத்தையன்கட்டுக் குளத்தின் துருசு, அதாவது மதகு, திறக்கும் நாள் ஞாபகம் வந்தது. முதலில் ஒரு முனகல், பிறகு மெதுவாக ஒரு அசைவு, அதற்குப் பிறகு வீடு முழுக்க அதிர்வு.

உள்ளே பற்சக்கரங்கள் ஒன்றையொன்று பிடித்துச் சுற்ற, கடைசியில் மேற்கல் சுற்றுகிறது. அடிக்கல் அசையாது. மேற்கல்லின் நடு ஓட்டையில் கோதுமை விழுகிறது, ஓரத்தால் மா வருகிறது. "பிள்ளை, இது திரிகையடி" என்று மகளிடம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். மில்காரர் என்னவென்று கேட்டார், மகள் விளங்கப்படுத்தினாள். அந்த மனிதருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். கழற்றி வைத்திருந்த ஒரு கல்லின் அருகே என்னைக் கூட்டிப்போய், அதில் வெட்டியிருந்த கோடுகளை விரலால் தடவச் சொன்னார். கோடு தேய்ந்தால் கல் அரைக்காது, மா சூடேறும், திரும்ப உளி போட வேண்டும் என்றார். அதுதானே எங்கள் அம்மி பொளிகிற வேலை! இரண்டு கல்லும் ஒன்றில் ஒன்று முட்டவும் கூடாதாம். தானியம் தீர்ந்து வெறுங்கல் உரசினால் பொறி பறக்கும், மில்லே எரிந்துபோகலாம்.

பிறகு வருகிற மாவில் கொஞ்சம் அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். இளஞ்சூடு. ஊரில் கரண்ட் மில்லில் அரைத்தால் மா கை சுடும், வீட்டுக்கு வந்ததும் பேப்பர் விரித்து ஆறவிடுவோம். இது அப்படி இல்லை. குழந்தையின் கன்னத்தைத் தொட்ட மாதிரி இருந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் அம்மாவின் திரிகைதான் மனதில். 2008 கடைசியில் யுத்தத்தால் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது உரல், அம்மி, திரிகை எல்லாவற்றையும் போட்டுவிட்டுத்தான் போனோம். கல்லை யார் தூக்குவது? செட்டிகுளம் அகதி முகாமில் இருந்து திரும்பியபோது வீட்டில் கூரை இல்லை, கதவு நிலை இல்லை. திரிகையின் அடிக்கல் மட்டும் புல்லுக்குள் கிடந்தது. மேற்கல் ஒரு வருடம் கழித்துக் கிணற்றடி துப்புரவாக்கும்போது அகப்பட்டது. இரண்டையும் ஒன்றாக வைத்ததோடு சரி. அந்த நாட்களில் திரிகையை நினைக்க யாருக்கு மனம் இருந்தது?

ஊருக்கு வந்த கிழமையே அம்மி பொளிகிறவர் ஒருவரைத் தேடினேன். இப்போது யாரும் கூப்பிடுவதில்லை என்று அவர் உளியையே எங்கோ போட்டுவிட்டிருந்தார், தேடி எடுத்துக்கொண்டு வந்தார். வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து இருந்து, புள்ளி புள்ளியாக, ஒரு அவசரமும் இல்லாமல் பொளிந்தார். கல்தூள் அவர் முழங்கை வரை வெள்ளையாகப் படிந்திருந்தது. "இது நல்ல கல்லு, அக்கா. இனிப் பிள்ளையளுக்கும் காணும்" என்றார். அச்சுக்கும் கைபிடிக்கும் பாலைக்கட்டையில் புதிது செதுக்கித் தந்ததும் அவர்தான்.

முதலில் இரண்டு பிடி குறுணல் போட்டுச் சுற்றி, கல்தூளோடு வெளியே கொட்டினேன். அப்புறம் குரக்கன். பக்கத்து வீட்டுப் பெடியன் ஓடிவந்து மற்றப் பக்கத்தில் குந்தினான், இரண்டு பேருமாகக் கைபிடியைப் பிடித்துச் சுற்றினோம். அந்தக் கரகர சத்தத்தைக் கேட்டு அடுத்த வளவு ஆச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஆரடி திரிக்கிறது?" என்றா. அவவும் வந்து இருந்துவிட்டா.

ஓரத்தால் வந்த மாவை அள்ளிக் கையில் வைத்துப் பார்த்தேன். சூடே இல்லை. அன்று இரவு மூன்று வீட்டுக்கும் குரக்கன் பிட்டு.