பழைய வீட்டை விற்பதற்கு முன் ஸ்ரேஜிங் (வாடகைத் தளபாடம் இட்டு அலங்கரித்துக் காட்டுதல்) செய்வது பயன் தருமா?

வடலி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எல்ஸ்மியர் வீதிக்கு அண்மையில், 1970களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட ஒற்றைமாடிப் பங்களோ ஒன்று எங்கள் குடும்பத்துக்கு இருக்கிறது. மேலே மூன்று படுக்கையறைகள். கீழே பேஸ்மென்ரில் (நிலக்கீழ்த் தளத்தில்) தனி வாசலும் இன்னொரு குசினியும் உண்டு. அப்பா காலமான பின்னர் அம்மா தனியாகவே அங்கே இருந்துவருகிறார். அவரை ஏஜாக்ஸில் உள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு, பனிக்காலம் முடிந்ததும் அந்த வீட்டை விற்பதென்று சகோதரர்கள் சேர்ந்து தீர்மானித்திருக்கிறோம்.

இரண்டு வீட்டு விற்பனை முகவர்களுடன் பேசினோம். ஸ்ரேஜிங் செய்யாத வீட்டைத் தான் விற்பனைப் பட்டியலில் (லிஸ்ரிங்) போடுவதே இல்லை என்கிறார் ஒருவர். அதற்கான நிறுவனம் தந்த மதிப்பீடு முதல் மாதத்துக்கு 4,200 டொலர். 13 வீத விற்பனை வரியான எச்.எஸ்.ரி.யையும் சேர்த்தால் 4,746 டொலர். வீடு அதற்குள் விலைப்படாவிட்டால் ஒவ்வொரு மாதமும் தளபாட வாடகை தனியாக வரும். மற்ற முகவரோ, பெயின்ற் அடித்துத் துப்புரவாக்கினால் போதும், மிச்சப் பணத்தை விலையில் விட்டுக்கொடுங்கள் என்கிறார். இந்தச் செலவு விலையில் திரும்பி வருகிறதா என்பதை, அண்மையில் விற்றவர்களோ வாங்கியவர்களோ சொன்னால் உதவியாக இருக்கும்.

கிழக்குவாசல் எழுதியது:

வணக்கம் வடலி. நான் கிழக்கு ஸ்காபரோவிலும் டர்ஹம் பகுதியிலும் வீடுகள் விற்றுக்கொடுக்கும் முகவர். ஆகவே தொழில் சார்ந்த ஒரு சாய்வு என் பேச்சில் இருக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஸ்ரேஜிங் பயன் தருமா என்பதற்கு முன்னால், உங்கள் வீட்டை வாங்கப்போகிறவர் யார் என்பதைத்தான் நீங்கள் முகவர்களிடம் கேட்டிருக்க வேண்டும். அகலமான காணியில் நிற்கும் பழைய பங்களோவைப் பார்க்க இடித்துக் கட்டுகிறவர் வருவார். மேலும் கீழும் வாடகைக்கு விட்டால் என்ன வருமென்று கணக்குப் பார்க்கிறவர் வருவார். தாமே மேலே குடியிருந்துகொண்டு பேஸ்மென்ர் வாடகையில் வீட்டுக்கடனின் ஒரு பகுதியைச் சமாளிக்க நினைக்கும் இளம் குடும்பமும் வரும். இடித்துக் கட்டுகிறவர் உங்கள் சோஃபாவைத் திரும்பியும் பார்க்கமாட்டார். காணியின் முகப்பு எத்தனை அடி, பின்னால் பெரிய மரம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். 2023இல் ரொறன்ரோ மாநகரசபை நகரெங்கும் ஒரே காணியில் நான்கு குடியிருப்புகள் வரை அமைக்க இடம் கொடுத்த பிறகு, வாடகைக் கணக்குப் பார்க்கிறவரும் அவரைப் போலவே யோசிக்கத் தொடங்கிவிட்டார். கீழ்க்குடியிருப்புக்கு மாநகரசபையின் அனுமதிப் பத்திரம் இருக்கிறதா, படுக்கையறை யன்னல் அவசரத்தில் வெளியேறும் அளவுக்குப் பெரியதா என்பவைதாம் அவருடைய கேள்விகள். எஞ்சியிருக்கும் இளம் குடும்பத்துக்காக மட்டுமே ஸ்ரேஜிங் செய்யப்படுகிறது. உங்கள் தெருவில் கடைசியாக விற்ற வீடுகளை யார் வாங்கினார்கள், அவற்றில் எத்தனை இடிக்கப்பட்டன என்று விசாரித்தால் விடையின் பாதி கையில் வந்துவிடும்.

விலை கூடுமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில், எங்கள் தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் அளவுக்குக் கூடாது என்பதே. அமெரிக்க முகவர் சங்கம் அவ்வப்போது வெளியிடும் கருத்துக்கணிப்புகள் ஸ்ரேஜிங்குக்குச் சாதகமாகவே இருக்கின்றன என்றாலும், அவற்றில் கேட்கப்படுவது முகவர்களின் அபிப்பிராயம். 2015இல் மைக்கேல் சைலர் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள்: ஒரே வீட்டைச் சுவர் நிறத்தையும் தளபாடத்தையும் மாற்றி மாற்றி, எண்ணூறுக்கு மேற்பட்டவர்களுக்குக் கணினித் திரையில் காட்டினார்கள். நல்ல தளபாடம் இட்ட வீடு குடியிருக்க ஏற்றதாக அவர்களுக்குத் தோன்றியது; அதற்காக அவர்கள் கொடுக்க முன்வந்த விலையோ கூடவில்லை. வாங்குவோரும் முகவர்களும் பொதுவாக நம்பிக்கொண்டிருப்பதற்கு இது நேர்மாறானது.

அப்படியென்றால் நான் ஏன் இன்னும் சில வீடுகளுக்கு அதைச் செய்விக்கிறேன்? 2022இன் தொடக்கத்தில் கனடா மத்திய வங்கியின் வட்டி 0.25 வீதமாக இருந்தபோது, குப்பை நிறைந்த வீட்டுக்கும் நிபந்தனை எதுவுமில்லாத ஓஃபர்கள் (வாங்குவோர் எழுதித் தரும் விலைக்கேள்விகள்) இரவோடிரவாக வந்தன. 2023 யூலையில் அது 5 வீதமாகிய பிறகு வாங்குவோர் நிதானமாகிவிட்டார்கள். கைத்தொலைபேசியில் நூறு வீடுகளின் படங்களைத் தள்ளிப் பார்த்துவிட்டு ஐந்தாறு வீடுகளுக்கே நேரில் வருகிறார்கள். அந்த ஐந்தாறில் உங்கள் வீடும் இடம்பெற வேண்டுமென்றால் படம் நன்றாக இருந்தாக வேண்டும். அதற்கு வீடு முழுவதையும் நிரப்பத் தேவையில்லை. வரவேற்பறை, சாப்பாட்டு மேசை, பெரிய படுக்கையறை ஆகிய மூன்றும் ஒழுங்காக இருந்தால் போதும், செலவும் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

தேடல் எழுதியது:

வாங்கியவன் என்ற முறையில் எழுதுகிறேன். சென்ற ஆண்டு முழுவதும் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வீடு தேடினோம். ஸ்ரேஜிங் செய்த வீடுகள் என்னிடம் உண்டாக்கியது பெரும்பாலும் சந்தேகத்தைத்தான். படுக்கையறை பெரிதாகத் தெரிவதற்காகச் சிறிய கட்டிலைப் போட்டிருப்பார்கள். எங்கள் கட்டிலின் அளவை நாடாவால் அளந்து பார்த்தபோது அலுமாரிக் கதவைத் திறக்க இடமிருக்காது என்று தெரிந்தது. கண்ணாடிகள், மெழுகுதிரிகள், எலுமிச்சம்பழம் நிரப்பிய கிண்ணம் என்று எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே காட்சி. பேஸ்மென்ரில் புதிதாக ஒரு கம்பளம் விரித்திருந்தால் அதன் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

நாங்கள் இறுதியில் வாங்கியது ஒரு வயோதிபத் தம்பதியர் குடியிருந்துகொண்டிருந்த வீடு. தளபாடங்கள் பழையவை, ஆனால் ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் கருவி) பழுதுபார்த்த பற்றுச்சீட்டுகள், கூரை மாற்றிய ஆண்டு, மின்சாரக் கட்டணம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு மேசையில் வைத்திருந்தார்கள். என்னைப் பொறுத்தவரை அந்தக் கோப்புத்தான் வீட்டை விற்றது. ஆகவே கிழக்குவாசல் அண்ணா சொல்லும் இளம் குடும்பங்கள் எல்லாமே தளபாடத்துக்கு மயங்குகிறவை அல்ல என்பதையும் பதிவுசெய்கிறேன்.

தூரிகை எழுதியது:

பெயின்ற் வேலையும் சிறு திருத்த வேலைகளும் செய்கிறவன் நான். 4,746 டொலரை என் கையில் தந்தால் அதில் ஒரு சதத்தையும் வாடகைத் தளபாடத்துக்குக் கொடுக்கமாட்டேன்.

நம்மவர்கள் பல ஆண்டுகள் சமைத்த குசினியில் அடுப்புக்கு மேலுள்ள சுவரிலும் அலுமாரிக் கதவுகளின் மேல்விளிம்பிலும் மெல்லிய மஞ்சள் எண்ணெய்ப் படை இருக்கும். தினமும் பார்க்கிறவர்களின் கண்ணுக்கு அது தெரியாது. சுவரில் தொங்கும் கலண்டரைக் கழற்றினால்தான் அதன் பின்னால் வேறு நிறத்தில் ஒரு சதுரம் தெரியும். அதைக் கழுவாமல் மேலே பெயின்ற் அடித்தால் பெயின்ற் பிடிக்காது. சில வாரங்களில் கறையும் வாசனையும் மேலே வந்துவிடும். சாமியறைக் கூரையில் படிந்திருக்கும் கற்பூரக் கரியும் அப்படித்தான். முதலில் எண்ணெயை அகற்றும் திரவத்தால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, கறையை மறைக்கும் அடிப்பூச்சான பிரைமர் ஒரு பூச்சுக் கொடுத்து, அதன் பிறகே வெளிர் நிறம் அடிக்க வேண்டும். அடுப்புக்கு மேலுள்ள காற்றுவாங்கியின் வலைகளைக் கழற்றிச் சுடுநீரில் ஊறவையுங்கள். கழுவியும் எண்ணெய் விடாவிட்டால் புதியவை வாங்கிப் போடுங்கள். பழைய கம்பளங்களையும் திரைச்சீலைகளையும் தூக்கி எறிந்துவிடுங்கள், ஏனென்றால் வாசனை தங்குவது அவற்றில்தான். வாசனைத் திரி கொளுத்தி மறைக்கப் பார்த்தால், எதை மறைக்கிறார்கள் என்ற கேள்வியே முதலில் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1960களின் நடுப்பகுதியிலிருந்து 1970களின் பிற்பகுதி வரை கட்டப்பட்ட ஒன்ராறியோ வீடுகள் பலவற்றில் அலுமினிய மின்கம்பி இருக்கிறது. அப்படியான வீட்டுக்குக் காப்புறுதி கொடுக்கச் சில நிறுவனங்கள் தயங்குகின்றன, அல்லது மின்சாரப் பரிசோதனைச் சான்றைக் கேட்கின்றன. வாங்குபவரின் பரிசோதகர் எப்படியும் அதைக் கண்டுபிடித்து விலையைக் குறைக்கச் சொல்வார். உரிமம் பெற்ற மின்வேலைகாரரைக் கொண்டு இணைப்புகளைச் செம்புக்கம்பியுடன் முறையாகத் தொடுத்துச் சான்றை வாங்கி வைத்தால், அந்தப் பணம் நிச்சயமாகத் திரும்பி வரும். சுவரில் ஈரக்கசிவோ அத்திவாரத்தில் வெடிப்போ இருந்தால், பெயின்றாலும் அலுமாரியாலும் அதை மறைக்கவே வேண்டாம். தெரிந்த குறையை வேண்டுமென்றே மூடி மறைத்தால், விற்றுக் கைமாறிய பிறகும் வழக்கு உங்களைத் தேடி வரும்.

வடலி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அலுமினியக் கம்பியைப் பற்றி இரண்டு முகவர்களுமே வாய் திறக்கவில்லை; உடனே பார்க்கச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் தயக்கத்துடன் கேட்கிறேன். ஸ்ரேஜிங் செய்பவர் சாமியறையையும் அப்பாவின் படத்தையும் முதல் நாளே அகற்றிவிட வேண்டும் என்கிறார். அம்மாவோ, தான் அந்த வீட்டில் இருக்கும்வரை விளக்கு ஏற்றுவதை நிறுத்தமுடியாது என்கிறார். அம்மாவை முன்கூட்டியே ஏஜாக்ஸுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டு வீட்டை வெறுமையாக விடுவது நல்லதா, அல்லது அவர் இருக்கும்போதே விற்பதா?

பிக்கரிங் நிலா எழுதியது:

தம்பி, என் மாமியாரின் வீட்டை விற்றபோது எங்களுக்கும் இதே கேள்வி வந்தது. அவரை முதலில் அழைத்து வந்துவிட்டோம். படங்களையும் விளக்கையும் அவரே ஒரு நல்ல நாள் பார்த்துத் தன் கையால் எடுத்துக்கொண்டு வந்தார். அந்நிய ஆட்கள் வந்து சாமிப் படத்தைப் பெட்டியில் போடுவதை எந்தத் தாயும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. உங்கள் பகுதியில் வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் நம்மவர்களாகவே இருக்கலாம்; அவர்கள் சாமியறையைப் பார்த்துப் பின்வாங்கப்போவதும் இல்லை. ஆனால் வீட்டுக்காரர் உள்ளே இருந்தால் வருகிறவர்கள் அலுமாரியைத் திறக்கவும் குறையை வாய்விட்டுப் பேசவும் கூசுவார்கள். அம்மாவுக்கும், வீடு பார்க்க ஆட்கள் வரும் ஒவ்வொரு தடவையும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வெளியே போய்க் காரில் இருப்பது இந்த வயதில் தேவையில்லாத அலைச்சல்.

வீடு வெறுமையானதும் காப்புறுதியைக் கவனியுங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில், ஆள் குடியில்லாத வீடு முப்பது நாள்களைத் தாண்டினால் பாதுகாப்புக் குறைந்துவிடும் அல்லது இல்லாமலே போய்விடும். வாடகைத் தளபாடம் இருப்பதால் வீடு குடியிருப்பாகிவிடாது. காப்புறுதி நிறுவனத்துக்கு முன்கூட்டியே அறிவித்து அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். பனி முடியும் முன் வெறுமையாக்கினால் தண்ணீரை அடைத்துக் குழாய்களை வடிய விடுங்கள், சூடாக்கியை நிறுத்தாதீர்கள். ரொறன்ரோவின் வெற்று வீட்டு வரி ஆண்டில் மொத்தம் ஆறு மாதமோ அதற்கு மேலோ வெறுமையாக இருந்தால்தான் வரும். இருந்தாலும் மாநகரசபைக்குக் கொடுக்க வேண்டிய வருடாந்தப் பிரகடனத்தை மறந்துவிடாதீர்கள்.

எங்கள் அனுபவத்தில், முற்றிலும் வெறுமையான அறைகள் படத்தில் சிறியனவாகவும் குளிராகவும் தெரிந்தன. அதனால் வரவேற்பறைக்கும் ஒரு படுக்கையறைக்கும் மட்டும் தளபாடம் எடுத்தோம். விலை அதனால் கூடியதா என்று என்னால் சொல்லமுடியாது. பார்க்க வந்தவர்களின் எண்ணிக்கை கூடியது.

கிழக்குவாசல் எழுதியது:

நிலா சொல்வதுடன் நான் உடன்படுகிறேன். தேடல் சொன்ன கோப்பையும் தயார் செய்யுங்கள். அதற்குச் செலவே இல்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஸ்ரேஜிங் செய்பவர் உங்கள் விளக்குகளைக் கழற்றிவிட்டுத் தமது அலங்கார விளக்குகளைக் கூரையில் மாட்டியிருந்தால், விற்பனை ஒப்பந்தத்தில் அவை விலக்கப்பட்டவை என்று வெளிப்படையாக எழுதுங்கள். இல்லாவிட்டால் கூரையில் பொருத்திய பொருள் வீட்டோடு சேர்ந்தது என்று வாங்குபவர் உரிமை கோருவார், அதன் விலையை நீங்கள் கட்ட நேரிடும். ஸ்ரேஜிங் கட்டணத்தை வரியில் கழிக்கலாம் என்று யாராவது சொன்னால், அம்மாவின் பிரதான வதிவிடமாகவே இருந்த வீட்டின் இலாபத்துக்கு வரி இல்லாததால் கழிப்பதற்கும் ஒன்றுமில்லை. பேஸ்மென்ரை வாடகைக்கு விட்டிருந்தீர்களா என்பதைக் கணக்காளரிடம் சொல்லிவிடுங்கள். எப்படியானாலும் 2016ஆம் ஆண்டிலிருந்து இப்படியான விற்பனையை வரிப்படிவத்தில் காட்டியே ஆக வேண்டும்.

கடைசியாக, முகவருடன் பேரம் பேசுங்கள். வீட்டு விலையின் வீதத்தில் தரகு வாங்கும் எங்களில் பலர், கேட்டால் பகுதி ஸ்ரேஜிங்கை எங்கள் செலவிலேயே செய்து தருகிறோம். கேட்காதவர்களிடம் தனிப் பற்றுச்சீட்டாக வருகிறது. முதல் மாதம் முடிவதற்கு முன்னரே வீடு விற்றுவிட்டால் தளபாடத்தை எப்போது எடுப்பார்கள், மீதி நாள்களுக்குப் பணம் திரும்புமா, நிபந்தனைகள் நீங்கும்வரை அவற்றை அங்கேயே வைத்திருக்க முடியுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஓஃபர் வந்த உற்சாகத்தில் தளபாடத்தைத் திருப்பி அனுப்பியபின் வாங்குபவரின் வங்கிக் கடன் தவறிப்போனால், இரண்டாவது தடவை வெறுமையான வீட்டுடன் சந்தையில் நிற்க வேண்டியிருக்கும்.