24 வோல்ட் தானே என்று ஓடுகிற பாய்லரில் டிரான்ஸ்மிட்டர் மாற்றலாமா?

நீடாமங்கலத்தான்
எங்களுடையது நீடாமங்கலம் பக்கம் சின்ன புழுங்கல் அரிசி மில். உமி பாய்லர், சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ பிரஷரில் ஓடும். நீராவிக் குழாயில் இருக்கும் பிரஷர் டிரான்ஸ்மிட்டர் அனுப்புகிற சிக்னலைப் பார்த்து, பிரஷர் குறைந்தால் உமி ஃபீடரையும் ஃபேனையும் பேனல் வேகமாக்கும், ஏறினால் மெதுவாக்கும்.

பழைய டிரான்ஸ்மிட்டர் தப்பாகக் காட்ட ஆரம்பித்ததால் போன வாரம் மாற்றினோம். தொட்டி நிறைய நெல் ஊறிக் கிடந்தது, நிறுத்த மனம் வரவில்லை. எலக்ட்ரீஷியன், "24 வோல்ட் தானே, ஷாக்கெல்லாம் அடிக்காது" என்று ஓட்டத்திலேயே வயரைக் கழற்றினார். கொஞ்ச நேரத்தில் ஃபீடர் தானாகவே வேகம் பிடித்தது. நாங்கள் என்ன ஏது என்று பார்ப்பதற்குள் சேஃப்டி வால்வு தூக்கிவிட்டது. சத்தம் ரோடு வரைக்கும் கேட்டதாம். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இப்போது புதியதில் இரண்டு பிரச்சினை. பாய்லர் முகப்பில் இருக்கும் கேஜைவிட எப்போதும் 0.2 கிலோ கூடக் காட்டுகிறது. ஃபேன் ஓடும்போது எண் அரை கிலோ மேலும் கீழும் ஆடுகிறது. குழாயிலிருந்து 2 மீட்டர் கீழே, படிக்க வசதியாக மாட்டியிருக்கிறோம். எலக்ட்ரீஷியன் "டூப்ளிகேட் சரக்கு" என்கிறார். தெரிந்த இன்ஸ்ட்ருமென்ட் ஆள் ஒருவர் "வயரிங் முழுக்கப் பிடுங்கு" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பேனல்பாண்டி
மன்னார்குடி, திருவாரூர் பக்கம் மில் பேனல்தான் எனக்கு இருபது வருடப் பிழைப்பு. உங்கள் ஆள் செய்ததில் தப்பில்லை. மாசி மாதத்தில் ஊறப்போட்ட நெல்லை வைத்துக்கொண்டு பாய்லரை நிறுத்து என்று சொல்கிறவர்கள், மறுநாள் அந்தத் தொட்டிப் பக்கம் வந்து மோந்து பார்க்க வேண்டும். 24 வோல்ட் டிசியில் ஒன்றும் ஆகாது. சேஃப்டி வால்வு அதன் வேலையைச் செய்திருக்கிறது. சரக்கைத் திருப்பிக் கொடுங்கள்.

கொள்ளிடத்துக்கம்பி
பாண்டி அண்ணே, ஷாக் அவருக்கு அடிக்கவில்லை, அடுப்புக்கு அடித்தது.

கணக்கைப் பாருங்கள். தம்பி, உங்கள் டிரான்ஸ்மிட்டர் 0–16 கிலோ ரேஞ்சாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சிக்னல் 4-லிருந்து 20 மில்லியாம்பியர் வரை, அப்படியானால் கிலோவுக்கு ஒரு மில்லியாம்பியர். பிரஷர் இல்லாவிட்டால் 4, பத்து கிலோவில் 14. வயரைக் கழற்றிய நொடியில் பேனலுக்குப் போனது 14 அல்ல, 4-கூட அல்ல, 0. பேனலுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பாய்லரில் பிரஷரே இல்லை, உமியைக் கொட்டு. கொட்டியது. உமியில் இன்னொரு சங்கடம், ஃபீடரை நிறுத்தினாலும் உள்ளே கிடப்பது எரிந்துதான் தீரும். எண்ணெய் பர்னர் மாதிரி பட்டென்று அணையாது.

சிக்னலை 0-ல் ஆரம்பிக்காமல் 4-ல் ஆரம்பிப்பதே, பிரஷர் இல்லாததையும் வயர் அறுந்ததையும் பிரித்தறியத்தான். ஆலைகளில் அளவுக் கருவி பயன்படுத்துவோரின் சங்கமான நாமூர் அமைப்பின் என்இ 43 பரிந்துரைப்படி 3.6-க்குக் கீழேயோ 21-க்கு மேலேயோ போனால் அது அளவு அல்ல, பழுது. உங்கள் பேனலில் அந்த இடத்தில் ஃபீடர் நிற்கும்படி எழுதியே இல்லை. டிரான்ஸ்மிட்டரைத் திருப்பிக் கொடுக்கும் முன் அதைக் கேளுங்கள்.

பேனல்பாண்டி
சரி, கன்ட்ரோலரை மேனுவலில் போட்டுவிட்டுக் கழற்றியிருக்கலாம். அதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கும் பாய்லரை நிறுத்த வேண்டியதில்லையே? உங்களைப் போலக் கேஸ் லைனில் வேலை பார்த்தவர்களுக்கு எல்லாவற்றுக்கும் பெர்மிட், எல்லாவற்றுக்கும் கையெழுத்து. மில்லில் அப்படி ஓட்ட முடியாது.

கொள்ளிடத்துக்கம்பி
வயரை மட்டும் தொடுவதென்றால் மேனுவல் போதும், ஒரு ஆள் கேஜைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். அங்கே நான் உங்கள் பக்கம்தான். குழாயிலிருந்து டிரான்ஸ்மிட்டரையே கழற்றுவது வேறு கதை.

உமிப்புகை
அந்தக் கதையை நான் சொல்கிறேன். நான் பாய்லர் அட்டெண்டன்ட். இரண்டு பேரும் வயரைப் பற்றியே பேசுகிறீர்கள். 10 கிலோ நீராவி 180 டிகிரிக்கு மேலே இருக்கும். கழற்றுகிறவனுக்கும் அதற்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு ஐசோலேஷன் வால்வு. அது பிடிக்கிறதா, ஒழுகுகிறதா என்று உங்கள் மில்லில் கடைசியாக யார் பார்த்தது? கைப்பிடி மூடிய பக்கம் திரும்பியிருந்தால் உள்ளேயும் மூடியிருக்கிறது என்று அர்த்தம் இல்லை. உப்புப் படிவும் துருவும் வால்வு சீட்டில் உட்கார்ந்திருக்கும்.

வால்வை மூடி, நடுவில் அடைபட்ட நீராவியை வெளியேற்றும் வென்ட்டை மெதுவாகத் திறந்து, முகத்தை ஒதுக்கி நின்று பார்க்க வேண்டும். நீராவி வந்து நின்றுவிட்டால் சரி. விடாமல் சீறினால் வால்வு ஒழுகுகிறது. பாய்லர் பிரஷர் பூஜ்ஜியத்துக்கு வரும்வரை அந்தப் பக்கம் ஸ்பானரே போகக்கூடாது. நெல் நாறட்டும். வெந்த கை ஆற எத்தனை மாதம் ஆகும் என்று எனக்குத் தெரியும்.

தம்பி, சைபன் இருக்கிறதா? பன்றி வால் மாதிரி சுருண்ட குழாய்.

நீடாமங்கலத்தான்
இருக்கிறது ஐயா. மாட்டியவுடன் வால்வை அப்படியே திறந்துவிட்டோம். ரேஞ்ச் 0–16 தான்.

உமிப்புகை
தண்ணீர் ஊற்றாமலா? சைபனில் முதலில் தண்ணீர் நிரப்பிவிட்டுத்தான் வால்வைத் திறக்க வேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. அந்தத் தண்ணீர்தான் பிரஷரை உணரும் மெல்லிய தகடான டயாஃபிரமுக்குக் கவசம். வெறுங்குழாயில் திறந்தால் தண்ணீர் சேரும்வரை சுடுநீராவி நேராக அதன் முகத்தில் அடிக்கும். உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் பெரும்பாலும் 85 டிகிரிக்கு மேல் தாங்காது. உங்கள் பழைய டிரான்ஸ்மிட்டர் எப்படிக் கெட்டது என்று இனி யோசிக்க வேண்டியதில்லை.

கொள்ளிடத்துக்கம்பி
அந்த 0.2 கிலோவும் தண்ணீர்தான். 2 மீட்டர் கீழே மாட்டினால் குழாயில் 2 மீட்டர் தண்ணீர் நிற்கும், அதன் எடை 0.2 கிலோ. டூப்ளிகேட் சரக்கு அல்ல, ஒழுங்காக அளக்கிறது. நீராவிக்குக் கீழே மாட்டுவதும் சரிதான். குழாய் முழுக்கத் தண்ணீர் நிற்கும்போது அந்த 0.2-ஐ ஜீரோ செட்டிங்கில் கழித்துவிடுங்கள், வேலை முடிந்தது.

பேனல்பாண்டி
0.2 விஷயம் எனக்குப் புதிது, எடுத்துக்கொள்கிறேன். எண் ஆடுவதற்கு என்ன சொல்கிறீர்கள்? வயரைச் சுற்றியிருக்கும் உலோக உறையை, அதாவது ஷீல்டை, இரண்டு பக்கமும் எர்த் செய்தால் ஆடாது. மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவின் மேனுவல் புத்தகத்திலேயே இரண்டு முனையிலும் எர்த் செய் என்று போட்டிருக்கிறது.

நீடாமங்கலத்தான்
அண்ணே, இரண்டு பக்கமும் எர்த் செய்துதான் இருக்கிறது. ஆடுகிறது.

கொள்ளிடத்துக்கம்பி
அண்ணே, மேனுவல் சொல்வது மோட்டாருக்குப் போகிற பவர் கேபிளின் ஷீல்டை. அங்கே நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. சிக்னல் வயருக்கு அதையே செய்தால் பாய்லர் ஷெட்டின் எர்த் குழியும் பேனல் அறையின் எர்த் குழியும் ஷீல்டு வழியாகச் சேர்ந்துவிடும். இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்காது, வித்தியாசத்துக்கு ஏற்ற கரன்ட் ஷீல்டிலேயே ஓடும். பேனல் பக்கம் மட்டும் எர்த், டிரான்ஸ்மிட்டர் பக்கம் ஷீல்டை வெட்டி ஸ்லீவ் போட்டு மூடிவிடுங்கள்.

தம்பி, சிக்னல் வயரும் ஃபேன் மோட்டார் கேபிளும் ஒரே பைப்பிலா போகின்றன?

நீடாமங்கலத்தான்
ஆமாம். பைப் ஒன்று மிச்சம் என்று.

பேனல்பாண்டி
அட கடவுளே. அதை முதலிலேயே சொல்லக்கூடாதா தம்பி! அதை நானும் செய்யமாட்டேன். குறைந்தது ஒரு அடி தள்ளி வேறு பைப்பில் கொண்டுபோங்கள், குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாக வெட்டிப் போக வேண்டும். ஜோடி முறுக்கிய ஷீல்டு கேபிள் வாங்குங்கள், மிச்சம் கிடந்த மோட்டார் வயரை இழுக்காதீர்கள்.

இடிக்கு என்ன வழி என்று கம்பி சாரையும் கேட்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் எனக்கு வருகிற போனில் பாதி "இடி இடித்தது, பேனலில் சிக்னல் வாங்கும் கார்டு போயிற்று" என்றுதான். வயலுக்கு நடுவே மில் சிம்னியைவிட உயரமாக வேறு எது நிற்கிறது?

கொள்ளிடத்துக்கம்பி
இடியில் பாயும் மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பும் சர்ஜ் அரெஸ்டர்தான், டிரான்ஸ்மிட்டர் பக்கம் ஒன்று, பேனல் பக்கம் ஒன்று. ஒன்று மட்டும் போட்டால் போட்ட பக்கம் பிழைக்கும்.

வயர் மாட்டும்போது இன்னொன்று. 24 வோல்ட் பிளஸ் டிரான்ஸ்மிட்டருக்குப் போய், அதன் மைனஸிலிருந்து கார்டுக்கு வந்து, கார்டிலிருந்து சப்ளை மைனஸுக்குத் திரும்ப வேண்டும். நடுவில் டிரான்ஸ்மிட்டர் இல்லாமல் 24 வோல்ட்டை நேராகக் கார்டுக்குக் கொடுத்தால் அதன் உள்ளே இருக்கும் 250 ஓம் ரெசிஸ்டர் வழியாக 96 மில்லியாம்பியர் பாயும். 20-க்குச் செய்த இடம் அது. டிரான்ஸ்மிட்டரில் வயர் மாட்டும் முனைகளுக்குப் பக்கத்தில் டெஸ்ட் என்று ஒரு முனை இருக்கும். அது மீட்டர் வைத்துப் பார்க்க மட்டும். அங்கே சப்ளையை மாட்டி உள்ளே இருக்கும் டயோடை எரித்தவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவன் நான்.

வேதாரண்யம்காற்று
உப்புக்காற்றில் இருப்பவன் ஒன்று சேர்க்கிறேன். டிரான்ஸ்மிட்டரில் வயர் நுழைய இரண்டு ஓட்டை இருக்கும். ஒன்றில் வயரை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட் போடுவார்கள், இன்னொன்றில் பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் மூடியையே விட்டுவிடுவார்கள். அது வண்டியில் வரும்போது தூசி புகாமலிருக்கப் போட்டது, மழைக்கு அல்ல. உலோக பிளக் போடுங்கள். கிளாண்டுக்கு முன்னால் வயரைக் கொஞ்சம் தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். டிரான்ஸ்மிட்டரைக் குழாயில் முறுக்கும்போது ஸ்பானர் அடியிலுள்ள ஆறு பக்கப் பகுதியில்தான். தலையைப் பிடித்துத் திருப்பினால் உள்ளே ரிப்பன் வயர் அறுந்துவிடும்.

நீடாமங்கலத்தான்
எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை தொட்டி காலியான பிறகு பாய்லரை இறக்கினோம். ஐயா சொன்ன மாதிரி வென்ட்டைத் திறந்தே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிரஷர் 3 கிலோவுக்கு வந்த பிறகும் சீறிக்கொண்டிருந்தது. வால்வு ஒழுகுகிறது. அன்று ஓட்டத்தில் கழற்றினோமே என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

வால்வு மாற்றி, சைபனில் தண்ணீர் ஊற்றி, புது பைப்பில் கேபிள் இழுத்து, ஷீல்டை ஒரு பக்கம் வெட்டியாயிற்று. எண் ஆடவில்லை. 0.2-ம் போய்விட்டது. 3.6-க்குக் கீழே ஃபீடர் நிற்கும்படி பேனல்காரர் மாற்றித் தந்தார். வயரைக் கழற்றிப் பார்த்தோம், நின்றது.

வேறு ஒன்றும் கிடைத்தது. டிரான்ஸ்மிட்டரை நம்பாமல் தனியாக ஃபீடரை நிறுத்துவதற்கு ஒரு பிரஷர் சுவிட்ச் இருக்கிறது இல்லையா? அது வேலையே செய்யாதபடி அதன் இரண்டு முனையையும் சேர்த்து ஒரு துண்டு வயரால் ஜம்பர் போட்டிருந்தது. எத்தனை சீசனாக என்று யாருக்கும் தெரியவில்லை.

உமிப்புகை
சீசனில் அடிக்கடி டிரிப் ஆகிறது என்று யாராவது போட்டிருப்பார்கள். எங்கள் ஆட்களும் செய்வார்கள், எலக்ட்ரீஷியன் தலையில் மட்டும் போடாதீர்கள்.

பேனல்பாண்டி
ஜம்பர் வயர் என்ன நிறம்?

நீடாமங்கலத்தான்
பச்சை.

பேனல்பாண்டி
எர்த் வயரிலா? அப்படியானால் எங்கள் ஆள் கிடையாது. நாங்கள் கறுப்பில்தான் போடுவோம்.